கோல்கீப்பரின் இடம்

பள்ளி நாட்களில் என்னைக் கோல்கீப்பராக நிறுத்தியதற்குக் காரணம் திறமையன்று. ஓட்டத்தில் நான் எல்லோருக்கும் பின்னால் வருபவன் என்பதுதான். ஆயினும் கால்பந்தாட்டம் எனக்குப் புரிந்தது அங்கே நின்றபோதுதான்.

7.32 மீட்டர் அகலமும் 2.44 மீட்டர் உயரமும் கொண்ட கோல் சட்டத்தின் முன் நிற்பவர், ஆட்டத்தின் பெரும்பகுதியை வெறும் பார்வையாளராகவே கழித்துவிட்டு, ஏதோ ஒரு நொடியில் மட்டும் அணி முழுவதற்கும் பொறுப்பாளியாகிறார். முன்கள ஆட்டக்காரர் பத்து முறை தவறவிட்டாலும் ஒரு கோல் அதை மறக்கடித்துவிடும்; கோல்கீப்பருக்கு அந்தச் சலுகை கிடைப்பதேயில்லை.

1950ஆம் ஆண்டு ஜூலை 16 அன்று, பிரேசிலின் ரியோ டி ஜெனிரோ நகரிலுள்ள மரக்கானா அரங்கில் உருகுவே 2-1 என்ற கணக்கில் பிரேசிலை வென்று உலகக் கோப்பையைக் கைப்பற்றியபோது, இரண்டாவது கோலைத் தடுக்க முடியாமற்போன பிரேசில் கோல்கீப்பர் மொவாசிர் பார்போசா, 2000ஆம் ஆண்டில் இறக்கும்வரை அந்தப் பழியைச் சுமந்தே வாழ்ந்தார். ஒரு விளையாட்டு ஒரு மனிதரை இப்படித் தண்டிக்கலாமா என்று எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

அலுவலகத்தில் பிறர் கண்ணில் படாத வேலைகளைச் செய்துகொண்டிருக்கும்போதெல்லாம் எனக்குப் பழைய கோல் கம்பங்களே நினைவுக்கு வருகின்றன. சென்ற மாதம் என் மகள் தன் அணியில் கோல்கீப்பராக நிற்க விரும்புவதாகச் சொன்னாள். ஓட்டத்தில் அவள் முதலிடம். எனவே அது அவளாகவே தேர்ந்துகொண்ட இடம்.