38 டிகிரிக் கழுத்து: ஒரு சாப்பரின் நாட்குறிப்பு

ஜனவரி 14, 2024, ஞாயிறு

போகி. பெங்களூர் அல்சூர் சந்துகளில் விடியும் முன்பே பாய் எரிந்த புகை. காக்ஸ் டவுனில் ஒரு வீட்டின் பின்கட்டில் பதினொரு ஆண்டுகளாக மழையிலும் வெயிலிலும் நின்ற 1994ஆம் ஆண்டு புல்லட் 350 இன்று குட்டியானையில் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்தது. வார்ப்பிரும்புச் சிலிண்டர், 70 மி.மீ. விட்டம், 90 மி.மீ. வீச்சு, 346 சிசி. பதிவுப் புத்தகத்தில் உள்ள எண்ணும் எஞ்சினில் அடித்திருக்கும் எண்ணும் ஒத்துப்போகின்றனவா என்று டார்ச் அடித்துப் பார்த்த பிறகுதான் பணத்தை எண்ணினேன்.

இருபது வயதிலிருந்து மனத்தில் கிடக்கும் ஆசை இது. நீண்ட முன்கால், தாழ்ந்த இருக்கை, பின்பக்கம் ஷாக் அப்சார்பர் இல்லாத சாப்பர். கடையில் கொடுத்துக் கட்ட வசதி இல்லை, விருப்பமும் இல்லை. பீன்யாவில் டூல் ரூமில் இருபது ஆண்டுகளாக அச்சுகளைப் பொருத்தும் கைக்கு ஒரு வண்டியின் எலும்புக்கூட்டைக் கட்ட வரவேண்டும்.

பிப்ரவரி 4, ஞாயிறு

எஞ்சினை இறக்கினோம். "இறக்கினோம்" என்றால் நானும் மாமாவும். மாமா என் மனைவியின் அப்பா. அரசுத் தொழிற்சாலை ஒன்றில் 34 ஆண்டுகள் டர்னர். ஓய்வுக்குப் பிறகு கீழ்த்தள அறையில் நாலரை அடி லேத் ஒன்றை வைத்துக் கடைசல் வேலை செய்தார். இப்போது வெளி வேலை எடுப்பதில்லை. லேத் மட்டும் எண்ணெய் பூசிய நிலையில் துணி போர்த்தி இருக்கிறது.

"வண்டியின் பழைய சட்டத்தை (ஃபிரேமை) எங்கே வெட்டப் போகிறீர்கள் மாப்பிள்ளை?" என்று கேட்டார். வெட்டப் போவதில்லை என்றேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்திவிட்டது. நான் கட்டும் வண்டி பெங்களூரின் எந்தத் தெருவிலும் ஓடப்போவதில்லை. கிருஷ்ணகிரிக்கு அப்பால் மனைவி வீட்டாருக்கு மாந்தோப்பு இருக்கிறது. அதன் உள்பாதைதான் அதற்குச் சாலை. பழைய சட்டத்தைச் சுத்தம் செய்து, சேசிஸ் எண் தெரியும்படி சுவரில் மாட்டிவிட்டேன். நாளைக்கே வேண்டுமென்றாலும் எஞ்சின் அதில் திரும்ப ஏறும்.

பிப்ரவரி 18, ஞாயிறு

பைப் வாங்கியதில் ஏமாந்தேன். தையல் இல்லாத பைப் என்று சொல்லி, ஒன்றேகால் அங்குல விட்டத்தில் மூன்று மி.மீ. கனத்துக்கு விலை வாங்கினார்கள். வீட்டுக்கு வந்து வெட்டிய முனைக்குள் சுண்டுவிரலை விட்டுத் தடவினால் நீளவாக்கில் ஒரு மெல்லிய வரப்பு. தகட்டைச் சுருட்டி ஓரத்தை வெல்டு வைத்த பைப் அது. நாற்காலிக்குப் போதும். பின்னால் ஸ்பிரிங் இல்லாமல், ஒவ்வொரு குழியின் அடியையும் தானே வாங்கிக்கொள்ள வேண்டிய சட்டத்துக்கு என் கை அதை எடுக்காது. திருப்பிக் கொண்டுபோனேன். எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் கம்பெனிக்குப் பொருள் தருபவரிடம் சொல்லி, சோதனைச் சான்றிதழோடு வேறு பைப் வரவழைக்கிறேன்.

மார்ச் 10, ஞாயிறு

தெருவில் தண்ணீர்ப் பஞ்சம். ஆழ்துளைக் கிணறு வற்றி, டேங்கர் வந்தால் குடத்தோடு ஓடவேண்டிய நிலை. அந்தக் காத்திருப்பின் நடுவில், வெல்டு வைக்கும்போது சட்டத்தை அசையாமல் பிடிக்கும் ஜிக் முடிந்தது: எட்டடி நீள சி சேனல் இரண்டு, செங்கல் மேல் கிடத்தி, ரசமட்டத்தில் குமிழி நடுவில் நிற்கும்வரை தகடு செருகினேன். ஒரு முனையில் பின்சக்கர அச்சு. மறுமுனையில் கழுத்துக் குழாயை, அதாவது கைப்பிடியும் முன்காலும் திரும்பும் குழாயை, பிடிக்கும் தூண். எந்தக் கோணத்துக்கும் சாய்த்து முடுக்கலாம்.

மார்ச் 24, ஞாயிறு

இன்று முழுவதும் கணக்கு. பத்தாம் வகுப்புக்குப் போகப்போகும் மகளை உட்கார வைத்துக்கொண்டேன். அவள் கையில் முக்கோணவியல் அட்டவணை.

கைப்பிடி திரும்பும் அச்சைக் கோடாகத் தரைவரை நீட்டினால், அது முன்டயர் தரையைத் தொடும் இடத்துக்கு முன்னால் விழும். அந்த இரண்டு புள்ளிகளுக்கும் உள்ள தூரம்தான் டிரெயில். வண்டி தானாக நேராகப் போவது அதனால்தான். குறைந்தால் வேகத்தில் கைப்பிடி உதறும். கூடினால் மெதுவாகத் திருப்பும்போது முன்சக்கரம் கனத்து ஒருபக்கமாகச் சாயும்.

நான் ஆசைப்பட்ட கழுத்துச் சாய்வு 38 டிகிரி. முன்னால் 21 அங்குலச் சக்கரம், டயரோடு ஆரம் 345 மி.மீ. முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க் அந்த அச்சிலிருந்து 60 மி.மீ. முன்தள்ளி இருக்கிறது. ஆரத்தை சைன் 38ஆல் பெருக்கி, 60ஐக் கழித்து, காஸ் 38ஆல் வகுத்தாள் மகள். 193 மி.மீ. வந்தது. தோப்புப் பாதை வளைவில் அது என் தோளைப் பிடுங்கிவிடும்.

இதற்கு ஒரு வழி உண்டு. ஃபோர்க்கைப் பிடிக்கும் மேல்தட்டிலும் கீழ்த்தட்டிலும் துளைகளையே நாலு டிகிரி சாய்த்துப் போட்டால், கழுத்து 38இலேயே நிற்க, கால்கள் 42க்குப் போகும். 750 மி.மீ. நீளக் காலில் நாலு டிகிரி என்பது இன்னும் 52 மி.மீ. முன்தள்ளல். மறுபடி கணக்குப் போட்டாள்: 127. நான் எழுந்து நின்றுவிட்டேன். என் வண்டிக்கு அந்த எண் போதும்.

இதைப் படித்துவிட்டு யாரும் இந்தச் சாய்வுத் தட்டுகளை மட்டும் வாங்கிச் சாதாரண வண்டியில் மாட்டிவிடக் கூடாது. 27 டிகிரிக் கழுத்தில் இதே தட்டைப் போட்டால் டிரெயில் 50 மி.மீ. அளவுக்கு இறங்கிவிடும். பார்க்க அழகாக இருக்கும், ஆளைக் கொன்றுவிடும். ஃபோர்க் குழாயின் தலையில் துண்டு வைத்துத் திருகி நீட்டுவதும் அப்படித்தான். நான் ஆறு அங்குலம் கூடுதலாக ஒரே துண்டில் குழாய் செய்யச் சொல்லியிருக்கிறேன்.

ஏப்ரல் 14, ஞாயிறு

சித்திரை முதல் நாள். வேப்பம்பூப் பச்சடி சாப்பிட்டுவிட்டு மாமா லேத்தின் துணியை எடுத்தார்.

கழுத்துக் குழாய். இரண்டு முனையிலும் டேப்பர் பேரிங் உட்காரும் குடைவு. நான் பக்கத்தில் நின்றேன், உதவ ஒன்றுமில்லை. கடைசி வெட்டுக்கு முன் எந்திரத்தை நிறுத்தி, குடைவுக்குள் ஆள்காட்டி விரலின் பின்பக்கத்தை வைத்துப் பார்த்தார். "சூடாக இருக்கிறது. இப்போது அளந்தால் பொய் சொல்லும்" என்றார். காபி குடித்தோம். இருபது நிமிடம் கழித்து அளந்தார். பிறகு நூலிழை போல ஒரே ஒரு சுருள் வந்தது. பேரிங் கிண்ணம் 0.03 மி.மீ. இறுக்கத்தில் உட்காரும்.

வெல்டு சூட்டில் குழாய் நீள்வட்டமாகும் என்று, உள்ளே அடைக்க அலுமினியக் கட்டை ஒன்றையும் கடைந்து கொடுத்தார். சூட்டை அது குடித்துக்கொள்ளும்.

காபி குடிக்கும்போது அவரிடம் ஒரு செய்தி சொன்னேன். சாப்பர் என்றதும் உலகம் நினைக்கும் வண்டி, டேங்கில் அமெரிக்கக் கொடி தீட்டியது. 1969ஆம் ஆண்டுப் படம் ஒன்றுக்காக லாஸ் ஏஞ்சல்ஸில் செய்தது. அதைத் திட்டமிட்டவர் கிளிஃப் வாஸ், கட்டியவர் பென் ஹார்டி. இருவரும் கறுப்பினத்தவர். நடிகர்களை உலகம் கொண்டாடியது. கட்டியவர்கள் யார் என்று பல பத்தாண்டுகள் பெரும்பாலோருக்குத் தெரியவே இல்லை.

மாமா டம்ளரைக் கீழே வைத்தார். "நான் செய்ததிலும் ஒன்றிலும் என் பெயர் இல்லை" என்றார். குறையாகச் சொல்லவில்லை, விவரமாகச் சொன்னார். அவருடைய ஸ்பேனர், அரம், வெர்னியர் பெட்டி எல்லாவற்றிலும் டோக்கன் எண் அடித்திருக்கும்: 1174. திருடு போகாமல் இருக்க அடித்துக்கொள்வது. எண் பஞ்ச் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தேன். கழுத்துக் குழாயின் முன்பக்கம், கனமான இடத்தில், வெல்டு வராத மூலையில் அடிக்கச் சொன்னேன். மறுத்தார். மகள் சுத்தியலைக் கையில் வைத்தாள். நாலு அடி, நாலு எண்.

மே 5, ஞாயிறு

கழுத்தை வெல்டு வைத்தேன். ஆர்கான் வெல்டிங். பைப் முனைகளை அரைவட்டமாகக் குடைந்து, அரத்தால் தேய்த்து, வெளிச்சம் ஊடுருவாத அளவுக்குப் பொருத்தியிருந்தேன். முகமூடிக்குள் மிளகளவு இரும்பு உருகி நிற்பதும், கம்பியைத் தொட்டவுடன் அது உப்பி நகர்வதும்தான் உலகம். ஆறியபோது தையலின் ஓரத்தில் மயில்கழுத்து நீலம், அதற்கப்பால் வைக்கோல் மஞ்சள்.

மே 12, ஞாயிறு

இழுத்துவிட்டது.

கழுத்தில் ஒரு மீட்டர் நேர்கம்பியைச் செருகி, பின் அச்சிலிருந்து நூல் பிடித்துப் பார்த்தேன். கம்பியின் நுனி இடப்பக்கம் ஐந்து மி.மீ. தள்ளி நிற்கிறது. தூக்குக்குண்டு விட்டும் பார்த்தேன், அதே ஐந்து. காரணம் தெரியும். போன வாரம் வேலை ஓட்டத்தில் இடப்பக்கத்தை முழுதாக முடித்துவிட்டு வலப்பக்கத்துக்குப் போனேன். ஆறும் இரும்பு தன் பக்கமாகச் சுருங்கும். பட்டறையில் பையன்களுக்கு நான் முதல் நாள் சொல்லித் தரும் பாடம் இது.

சூடு காட்டி நெம்பி நேராக்கலாம் என்றார் ஒரு நண்பர். கழுத்தில் அதைச் செய்யமாட்டேன்.

மே 19, ஞாயிறு

அறுத்தேன். ஹாக்சா மட்டும், கிரைண்டர் இல்லை. மாமாவின் குழாயில் கீறல் விழக் கூடாது. நாலு மணி நேரம். புதுப் பைப் முனை குடைந்து, நாலு மூலையில் டேக் (பொட்டு வெல்டு) வைத்து, பிறகு ஒரு அங்குலம் இடம், ஒரு அங்குலம் வலம், மேல், கீழ் என்று மாற்றி மாற்றி, ஒவ்வொன்றுக்கும் நடுவில் கை வைக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு. இரவு பதினொன்றரை ஆனது. மனைவி இரண்டு முறை தட்டோடு வந்து திரும்பிப் போனாள். மூன்றாவது முறை உட்கார்ந்து ஊட்டிவிட்டாள், என் கையுறையைக் கழற்றவிடவில்லை.

நூல் பிடித்தாற்போல நிற்கிறது. மீட்டருக்கு அரை மி.மீ.க்குள். அலுமினியக் கட்டையை உருவியதும் பேரிங் கிண்ணம் மரச்சுத்தியலின் மெல்லிய தட்டுக்கே உள்ளே போனது.

ஜூன் 2, ஞாயிறு

ஒரே நாளில் 111 மி.மீ. மழை. அறைக்குள் முழங்கால் தண்ணீர். சட்டத்தை நானும் எதிர்வீட்டுக் கன்னடக்காரரும் தூக்கி மாடிப்படியில் வைத்தோம். லேத்தின் மேல் தண்ணீர் ஏறவில்லை.

ஜூலை 14, ஞாயிறு

எஞ்சின். சிலிண்டர் தேய்ந்து 0.2 மி.மீ. நீள்வட்டம், அரை மி.மீ. பெரிய பிஸ்டனுக்குக் குடைந்து வந்தது. கிரேங்க் கேசின் எண்ணெய் அறையில் அடியில் கறுப்புக் களி, தேக்கரண்டியால் வழித்தேன். நான்கு கியர் பெட்டியைத் திறந்து பார்த்து அப்படியே மூடினேன். பல் ஒவ்வொன்றும் முழுதாக இருக்கிறது.

ஆகஸ்ட் 15, வியாழன்

டேங்க். 1.2 மி.மீ. தகடு, மணல் மூட்டை, கொட்டாப்புளி. இரண்டு பாதியைத் தட்டித் தட்டி வேர்க்கடலை வடிவத்துக்குக் கொண்டுவர நாலு ஞாயிறு பிடித்தது. இன்று இணைத்து, சைக்கிள் பம்பால் கொஞ்சம் காற்று விட்டு, சோப்புத் தண்ணீர் தடவினேன். மூன்று இடத்தில் குமிழி. அடைத்தேன். இன்னும் ஓர் இடத்தில். அதையும் அடைத்தேன்.

செப்டம்பர் 8, ஞாயிறு

அம்மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கை மெதுவாக இறக்கி, சிலிண்டரின் அழுத்தத்தை விடுவிக்கும் டிகம்ப்ரெஷன் லீவரைப் பிடித்து ஒரு விரற்கடை தள்ளி, விட்டு, உதைத்தேன். ஏழாவது உதையில் பிடித்தது. மெதுவான ஓட்டத்தில் ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் கேட்கிறது. மாமா கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டி எண்ணினார். மேல்வீட்டு அம்மா எட்டிப் பார்த்து, "முடிந்ததா?" என்று கேட்டார்.

பெயின்ட் அடிக்கவில்லை. எண்ணெய்த் துணியால் துடைத்து வைத்திருக்கிறேன். ஓட்டிப் பார்த்து, கழுத்தைச் சோதித்த பிறகுதான் நிறம்.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. லேத்துக்கும் வண்டிக்கும் ஒரே மாலை, நடுவில் அறுத்து இரண்டாக்கியது.

அக்டோபர் 13, ஞாயிறு

தோப்பில் நேற்றும் இன்றும் சேர்த்து 40 கிலோமீட்டர். சுற்றுக்கு 1.2 கிலோமீட்டர் மண்பாதை. சக்கர அச்சுகளுக்கு நடுவே 1,650 மி.மீ.; பழைய சட்டத்தில் 1,370. அந்த நீளம் முதல் வளைவிலேயே தெரிந்தது: திருப்பவேண்டும் என்று நினைத்ததற்கு முன்பே திருப்பத் தொடங்கவேண்டும். ஐம்பதில் கைப்பிடியை இரு விரலால் மட்டும் தொட்டேன். நேராகப் போனது. மேடுபள்ளம் ஒவ்வொன்றும் முதுகுத்தண்டில் வந்து சொல்லிவிட்டுத்தான் போகிறது; இருக்கை ஸ்பிரிங்கை மாற்றவேண்டும். மகள் வரப்பில் உட்கார்ந்து சுற்றுகளைக் கோடு போட்டு எண்ணினாள்.

அக்டோபர் 14, திங்கள்

வேலை முடிந்து வந்ததும் கழுத்தைத் துடைத்து, சிவப்புச் சாயத்தைத் தெளித்தேன். விரிசல் எதாவது இருந்தால் அதற்குள் சாயம் புகுந்துகொள்ளும். பதினைந்து நிமிடம். மேற்பரப்பைத் துடைத்து எடுத்து, மேலே வெள்ளைப் பூச்சு தெளித்தேன். விரிசல் இருந்தால் வெள்ளையில் சிவப்புக் கோடாக ஊறி வரும்.

நானும் மாமாவும் லேத் விளக்கைத் திருப்பி வைத்துக்கொண்டு பார்த்தோம். மேல் தையல், கீழ்த் தையல், பக்கவாட்டு. பத்து நிமிடம், பதினைந்து. தையல் முழுவதும் வெள்ளை. முன்பக்க மூலையில் மட்டும், அடித்த பள்ளத்தில் தங்கிய சாயம் மெல்ல மேலே வந்தது: 1, 1, 7, 4.

மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார்.