நான்காவது பயணத்தில் ஒரு டிரவுட்

ஊரில் நான் மீன் பிடித்ததெல்லாம் வாய்க்காலில்தான். மூங்கில் குச்சி, நரம்பு, மயிலிறகுக் காம்பில் செய்த தக்கை, மண்புழு. தக்கை முழுசாக முங்கும்வரை பொறுத்திருந்து வெட்டி இழுத்தால் கெண்டை. நியூசிலாந்துக்கு வந்த பிறகு, அந்தத் தெம்பில்தான் டொங்காரிரோ ஆற்றில் டிரவுட் என்ற நன்னீர் மீனைப் பிடிக்கக் கிளம்பினேன். ஆக்லாந்திலிருந்து டுராங்கி ஊருக்குக் காரில் நாலு மணி நேரம். முதல் மூன்று முறை வெறுங்கையோடுதான் திரும்பினேன்.

முதல் தடுமாற்றம் உரிமத்தில். இணையத்தில் தேடி ஃபிஷ் அண்ட் கேம் அமைப்பின் உரிமத்தை வாங்கிவிட்டேன். நாடு முழுக்கச் செல்லும் என்று நினைத்தேன், நான் போகும் ஆறு இருக்கும் டௌப்போ ஏரிப் பகுதிக்கு மட்டும் செல்லாது. அங்கே இயற்கைப் பாதுகாப்புத் துறை தனியாக உரிமம் தருகிறது. ஏரியைச் சேர்ந்த தூஃபரெட்டோவா மாவோரி மக்களோடு அரசு 1926-இல் செய்த உடன்பாட்டிலிருந்து வரும் ஏற்பாடு இது. நல்லவேளை, கிளம்புவதற்கு முந்தின இரவே கண்ணில் பட்டது. விதிகளைப் படித்தால் போதும், நான் படிக்கவில்லை.

அடுத்தது, கருவிகளைச் சுத்தம் செய்வது. தெற்குத் தீவின் ஆறுகளில் டிடிமோ என்ற பாசி 2004-இல் கண்டுபிடிக்கப்பட்டது. கண்ணுக்குத் தெரியாத ஒரு துளி ஈரத்திலேயே அடுத்த ஆற்றுக்குப் போய்விடும். அதனால் ஈரம் தங்கும் கம்பளி அடி வைத்த பூட்ஸுக்கு 2008 முதல் நாடு முழுக்கத் தடை. வழுக்காமல் நிற்க அதுதான் நல்லது என்று பழைய ஆட்கள் இன்னும் புலம்புகிறார்கள். நான் ரப்பர் அடி பூட்ஸ் வாங்கினேன். மார்புவரை வரும் வேடர்ஸ் உடையும், அதன் மேல் இறுக்கிக் கட்ட ஒரு பெல்ட்டும் வாங்கினேன். அந்த பெல்ட் முக்கியம். விழுந்தால் உடைக்குள் தண்ணீர் நிறையாமல் காப்பது அதுதான். இரண்டாவது பயணத்தில் விழுந்தேன், அதனால் சொல்கிறேன்.

நான் கற்றது ஃப்ளை வீசிப் பிடிக்கும் முறை, வீசுவதைப் பற்றிக் கொஞ்சம். சாதாரணத் தூண்டிலில் நுனியில் கட்டிய ஈயக்குண்டு நரம்பை இழுத்துக்கொண்டு போகும். ஃப்ளை என்பது முள்ளில் நூலும் இறகும் சுற்றிய பூச்சி பொம்மை. பெரும்பாலும் எடையே கிடையாது. எடை தடித்த லைனில்தான் இருக்கிறது, நாம் வீசுவதும் அந்த லைனைத்தான். பின்னால் வீசி, அது காற்றில் முழுசாக நீளும்வரை நின்று, பிறகு முன்னால் வீச வேண்டும். அவசரப்பட்டால் சாட்டை மாதிரி 'சடக்' என்று சத்தம் வரும், ஃப்ளை அறுந்து போயிருக்கும். முள்ளுக்குப் பதில் சிவப்புக் கம்பளி நூலைக் கட்டிப் பக்கத்துப் பூங்காவில் ஒரு மாதம் பழகினேன். நாயோடு நடக்க வந்தவர்களெல்லாம் புல்லில் மீன் கிடைத்ததா என்று கேட்டார்கள்.

ஒரு வழியாக இருபது மீட்டர் வீசக் கற்றுக்கொண்டேன். பெருமையாக இருந்தது, பயன்தான் இல்லை.

குளிர்காலத்தில் மழை பெய்து ஆறு ஏறியதும், டௌப்போ ஏரியிலிருந்து வானவில் டிரவுட்கள் முட்டையிட ஆற்றில் ஏறி வரும். எல்லாம் அங்கேயே பிறந்து வளர்ந்த காட்டு மீன்கள். அவற்றின் முன்னோர் மட்டும் 1880-களில் கலிபோர்னியாவிலிருந்து முட்டையாக வந்தவை. மீன்கள் அடித்தளத்தை ஒட்டிக் கிடக்கும். அதனால் நிம்ஃப் என்ற, தண்ணீருக்குள் வாழும் பூச்சிக் குஞ்சு போன்ற கனமான ஃப்ளை ஒன்று, அதன் பின்னால் சின்னதாக இன்னொன்று, மேலே கம்பளியில் ஒரு தக்கை. தக்கையைப் பார்த்ததும் சொந்தக்காரரைப் பார்த்தது போல இருந்தது.

நாலாவது பயணம், ஆகஸ்ட் மாதக் காலை. மேஜர் ஜோன்ஸ் தொங்குபாலத்துக்குக் கீழே நின்றிருந்தேன். கரையில் பெரியவர் ஒருவர் தேநீர் குடித்தபடி கால் மணி நேரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார், உன் தக்கைக்குப் பக்கத்தில் மிதக்கும் நுரையைப் பார்க்கிறாயா என்று. பார்த்தேன். என் தக்கை நுரையை முந்திக்கொண்டு, பின்னால் கோடு கிழித்தபடி ஓடிக்கொண்டிருந்தது.

அதுதான் விஷயம். ஆற்றின் மேல்தண்ணீர் வேகமாகவும் அடித்தண்ணீர் மெதுவாகவும் போகிறது. நடுவில் ஓடும் வேகம் என் லைனை இழுக்க, லைன் தக்கையை இழுக்க, கீழே நிம்ஃப் ஏதோ மோட்டார் வைத்தது போலப் போகிறது. எந்தப் பூச்சியும் அப்படிப் போகாது. லைன் தண்ணீரில் விழுந்த உடனே அதைத் தூக்கி, நீர் வரும் திசைப் பக்கம் மடித்துப் போட வேண்டும். தக்கை நுரையோடு சேர்ந்தோ, அதைவிட மெதுவாகவோ போனால் சரி. மீன் இருபது மீட்டர் தூரத்தில் இல்லை, உன் முழங்காலுக்கு ஐந்து மீட்டரில் இருக்கிறது என்றும் சொன்னார். பூங்காவில் போன ஒரு மாதம் நினைவுக்கு வந்தது.

மடித்துப் போட்டேன். நாலைந்து முறை ஒழுங்காக வந்தது. பிறகு தக்கை லேசாகத் தயங்கியது. நான் சும்மா நின்றேன், முங்கட்டும் என்று. கரையிலிருந்து கத்தினார், அதுதான் மீன் என்று. மண்புழு என்றால் மீன் விழுங்கும், பொறுக்கலாம். இறகை ஒரு நொடியில் துப்பிவிடும். சிறு வயதில் கற்றதை அன்றைக்குத்தான் மறக்க வேண்டியிருந்தது, அது வீசக் கற்றதைவிடக் கஷ்டம்.

அடுத்த தயக்கத்துக்கே கழியைத் தூக்கிவிட்டேன். கனத்தது. லைனைச் சுற்றி வைக்கும் ரீல் அலறியது. அதன் கைப்பிடியைப் பிடிக்கப் போய், சுழன்ற பிடி விரல் முட்டியில் அடித்தது, ஒரு வாரம் வீக்கம். மீன் இரண்டு முறை துள்ளி, நீரோட்டத்தோடு கீழே ஓடியது. வழுக்குப் பாறைகளில் நானும் பின்னாலேயே போனேன். பத்து நிமிடத்தில் கைவலைக்குள். வெள்ளியாக, பக்கவாட்டில் ரோஜா நிறப் பட்டை, இரண்டு கிலோ இருக்கலாம்.

விட்டுவிடுவதாக இருந்தால் கையை நனைத்துக்கொண்டு, தண்ணீருக்குள்ளேயே முள்ளை எடுக்க வேண்டும், உலர்ந்த கை மீனின் வழவழப்பை உரித்துவிடும். நான் விடவில்லை. விதிப்படி வைத்துக்கொள்ளலாம், வைத்துக்கொண்டேன். இந்த நாட்டில் டிரவுட்டை வாங்கவோ விற்கவோ முடியாது, சட்டம். சாப்பிட வேண்டுமானால் பிடிக்க வேண்டும், அல்லது பிடிக்கிற நண்பன் வேண்டும்.

குழம்புக்கு ஒத்துவரவில்லை, சதை உடைந்துவிட்டது. மிளகாய்த்தூள், எலுமிச்சை தடவி வறுத்தது பிரமாதம். மனைவி இரண்டாவது துண்டை எடுத்துக்கொண்டே கேட்டாள்: "உரிமம் ரெண்டு, பூட்ஸ், வேடர்ஸ், நாலு தடவை பெட்ரோல்... ஒரு துண்டு என்ன விலை வருதுன்னு கணக்குப் போடவா?"

"வேண்டாம்" என்றேன். வேடர்ஸ் கராஜில் தொங்கிக்கொண்டிருந்தது. காய்ந்த பிறகும் இரண்டு நாள் தொங்க வேண்டும்.