வீட்டில் கட்டிய கோப்ராவுக்குப் பவர் ஸ்டியரிங்: மோட்டார் மாட்டுவது சின்ன வேலை

கோப்ரா (1960-களின் ஸ்போர்ட்ஸ் கார்) மாதிரிக் காரைச் சொந்தப் பட்டறையில் கட்டி முடித்தவர்கள் முதல் வாரமே சொல்லும் குறை ஒன்றுதான். ஓடும்போது வண்டி பஞ்சு மாதிரி, நிறுத்தி ஒடித்தால் தோள்பட்டை கழன்றுவிடுகிறது. அகலமான முன் டயர், கனத்த எஞ்சின், 35 செ.மீ. குட்டி ஸ்டியரிங் வளையம். இவற்றில் ஒன்று இருந்தால் சமாளிக்கலாம், மூன்றும் சேர்ந்தால் கஷ்டம்தான்.

‘அசலில் பவர் ஸ்டியரிங் ஏது’ என்று மூக்கைச் சுளிப்பவர்களுக்கு ஒரு தகவல். 1962-இல் வந்த முதல் கோப்ராக்களில் ராக் அண்ட் பினியனே (ஸ்டியரிங் தண்டின் பல்சக்கரம், ராக் என்ற பல் தண்டை இடவலமாக நகர்த்திச் சக்கரத்தைத் திருப்பும் ஏற்பாடு) கிடையாது, 1963-இல்தான் வந்தது. அசலே ஒரு வருஷத்தில் ஸ்டியரிங்கை மாற்றிக்கொண்டது.

எதையும் வாங்கும் முன் முன்சக்கரம் இரண்டையும் ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஒரே விரலால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஸ்டியரிங் சுற்ற வேண்டும். சுற்றவில்லை என்றால் கனம் டயரில் இல்லை. யூ-ஜாயின்ட் (ஸ்டியரிங் தண்டை மடக்கி இணைக்கும் மூட்டு) கோணம் அதிகமாக இருக்கலாம், பால் ஜாயின்ட் (சக்கரம் திரும்ப உதவும் குண்டு மூட்டு) வறண்டிருக்கலாம், ராக்கை முறுக்கி மாட்டியிருக்கலாம். அதைச் சரிசெய்யாமல் பவர் ஸ்டியரிங் மோட்டார் வைத்தால் கோளாறு உள்ளேயே இருக்கும். பிறகு தேய்ந்த ஜாயின்டாக வெளியே வரும்.

அடுத்து வண்டியைத் தரையில் இறக்கி, வளையத்தின் ஓரத்தில் ஸ்பிரிங் தராசைக் கட்டி, ஆரத்துக்குச் செங்குத்தாக இழுத்துப் பாருங்கள். 17.5 செ.மீ. ஆரத்தில் 10 கிலோ காட்டினால் சுமார் 17 நியூட்டன் மீட்டர் முறுக்கு. இதற்குப் பவர் ஸ்டியரிங் நியாயம். 4 கிலோதான் காட்டுகிறது என்றால் காசை டயருக்குச் செலவழியுங்கள். மொத்தமே 600 கிலோ வரும் லோட்டஸ் செவன் மாதிரி வண்டிகளுக்கு இது தேவையே இல்லை. அப்படியே ஒரு எடைமேடையில் முன்சக்கரங்களை மட்டும் ஏற்றி எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய் லாரிக்காக எடைமேடைக்குப் பஞ்சமில்லை. எந்தப் பழைய காரின் பவர் ஸ்டியரிங்கைக் கழற்றி மாட்டுகிறோமோ, அதன் முன்பக்க எடையும் உங்கள் வண்டியின் முன்பக்க எடையும் நெருங்கியிருந்தால்தான் உதவி அளவாக வரும்.

ஹைட்ராலிக் வேண்டாம் என்பது என் கட்சி. பம்ப், புல்லி, சைலன்சரை ஒட்டி ஓடும் ஹோஸ், ராக்கையே மாற்றும் வேலை என்று நீண்டுகொண்டே போகும். மின்சார மோட்டார் ஸ்டியரிங் காலத்தில் உட்கார்ந்துவிடும் (இந்தக் ‘காலம்’ நேரம் அல்ல, ஸ்டியரிங் தண்டைச் சுமக்கும் குழாய்), ராக்கைத் தொட வேண்டாம். 1988-இல் சுசுகி தன் செர்வோ காரில் கொண்டுவந்த ஏற்பாடு இது. அதே வழிவந்த ஆல்டோ, வேகன் ஆர் காலங்கள்தான் கோயம்புத்தூரிலும் பாலக்காட்டிலும் பழைய சாமான் கடைகளில் சுலபமாகக் கிடைப்பவை.

வாங்கும்போது காலம், அதே வண்டியின் இ.சி.யூ. (மோட்டாரை இயக்கும் கம்ப்யூட்டர் பெட்டி), ஒரு சாண் வயரோடு எல்லா கனெக்டர், கீழே போகும் இடைத்தண்டு எல்லாம் சேர்ந்தே வர வேண்டும். வேறு மாடல் இ.சி.யூ.வைக் கடைக்காரர் கொசுறாகக் கொடுத்தாலும் வேண்டாம். கரண்ட் இல்லாமல் தண்டைச் சுற்றினால் சற்றுக் கனமாக, ஆனால் எங்கும் இடறாமல் சுற்ற வேண்டும். அடிபட்ட வண்டியின் காலம் மடங்கிக் குட்டையாகியிருக்கும், நல்லது ஒன்றோடு நீளத்தை ஒப்பிடுங்கள்.

மாட்டும்போது பலர் கோட்டை விடுவது பிராக்கெட்டில். மோட்டார் தண்டை ஒரு பக்கம் திருப்பும்போது, தன் உடம்பை மறுபக்கம் திருப்பப் பார்க்கும். பழைய காலத்தைப் பிடித்திருந்த மெல்லிய கிளாம்ப் இதற்குப் போதாது. 4 மி.மீ. தகடு, 8.8 கிரேடு எம்8 போல்ட், காலத்தின் சொந்த ஓட்டைகள் எல்லாவற்றிலும் பிடிப்பு. தகட்டைச் சேஸிஸில் முதலில் வெல்டு செய்துவிட்டுப் பிறகு காலத்தை மாட்டுங்கள். மாட்டிய பிறகு வெல்டு அடித்தால் சூடும் கரண்டும் டார்க் சென்சார் (கை கொடுக்கும் முறுக்கை அளப்பது) வழியே போகும். தண்டு இறுகி நிற்கிறதே என்று சுத்தியலால் தட்டவும் கூடாது, உள்ளே உதவியின் அளவைச் சொல்லும் டார்ஷன் பார் (லேசாக முறுகிக்கொடுக்கும் கம்பி) இருக்கிறது.

நீளம் பற்றாவிட்டால் தண்டை நுனிக்கு நுனி வைத்து வெல்டு செய்வது கண்டிப்பாக வேண்டாம். லேத்தில் பல் வெட்டிய ஸ்லீவ் போடுங்கள். யூ-ஜாயின்ட் ஒவ்வொன்றும் 30 டிகிரிக்குள் நிற்கட்டும். இரண்டு ஜாயின்டின் கோணமும் சமமாக, நடுத்தண்டின் இரு முனைக் கவைகளும் ஒரே தளத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு சுற்றுக்குள்ளேயே இரண்டு முறை கனத்து இரண்டு முறை லேசாகும். மூன்றாவது ஜாயின்ட் வந்தால் நடுவில் ஒரு பேரிங் தாங்கல் தேவை.

வயரிங்கில் கஞ்சத்தனம் வேண்டாம். நிறுத்தி ஒடிக்கும்போது மோட்டார் 50 ஆம்பியர் வரை இழுக்கலாம். பேட்டரி டிக்கியில் இருக்கும்போது, போக வர 6 மீட்டர் 4 ச.மி.மீ. வயர் போட்டால் அதிலேயே 1.3 வோல்ட் கரைந்துவிடும். உதவி விட்டுவிட்டு வரும், பழி இ.சி.யூ. மேல் விழும். 10 ச.மி.மீ. போட்டால் அரை வோல்ட்தான். காலம் வந்த வண்டியிலிருந்த அதே ஆம்பியர் ஃபியூஸைப் பேட்டரிக்குப் பக்கத்திலேயே வையுங்கள். பெயின்ட் சுரண்டாத இடத்தில் எர்த் கொடுத்தால் இந்தக் கணக்கெல்லாம் வீண்.

கஷ்டமே சிக்னலில்தான். இ.சி.யூ. எஞ்சின் ஓடுகிறதா, வண்டி எவ்வளவு வேகம் என்று இரண்டையும் கேட்கும். டிஸ்ட்ரிபியூட்டர் எஞ்சினில் இக்னிஷன் காயிலின் நெகட்டிவ் முனையிலிருந்து நேராக வயர் இழுக்காதீர்கள். அங்கே நூற்றுக்கணக்கான வோல்ட் பாய்ச்சல் வரும், டேக்கோமீட்டருக்கான (எஞ்சின் சுற்றுகளைக் காட்டும் மீட்டர்) அடாப்டர் ஒன்று நடுவில் வேண்டும். எஞ்சின் ஓடியும் வேகமே வராவிட்டால், சில இ.சி.யூ.க்கள் பிழை என்று உதவியை நிறுத்தும். மற்றவை நிறுத்தி ஒடிக்கும் அளவு உதவியை 100 கி.மீ. வேகத்திலும் தரும், அது ஆபத்து. கேபிள் ஸ்பீடோமீட்டர் என்றால் கேபிளோடு ஹால் சென்சார் (காந்தம் கடப்பதை மின் துடிப்பாக்குவது) சேர்க்கலாம். ஜப்பான் கணக்கில் 60 கி.மீ. வேகத்தில் கேபிள் நிமிடத்துக்கு 637 சுற்று. சுற்றுக்கு 4 துடிப்பு என்றால் நொடிக்கு 42 சொச்சம். டிஃபரன்ஷியலும் டயரும் மாறிய வண்டியில் இதை அளந்தே தீர வேண்டும். பொய்த் துடிப்பு தரும், குமிழைத் திருகி வேகம் வைக்கும் பெட்டிகளும் உண்டு. அதில் நடுத்தர வேகத்துக்கு வைத்து ஒட்டிவிடுவதே நல்லது, ஓட்டும்போது திருகக் கூடாது.

முதல் முறை எஞ்சினைப் போடும்போது சக்கரங்கள் ஸ்டாண்டிலேயே இருக்கட்டும், கை வளையத்தின் ஆரக்கால்களுக்கு வெளியே இருக்கட்டும். ஸ்டியரிங் தானாக ஒரு பக்கம் நகர்ந்தால் பிராக்கெட் போல்ட்டைத் தளர்த்திப் பாருங்கள். நின்றுவிட்டால் காலத்தை நெளித்து மாட்டியிருக்கிறீர்கள். நிற்காவிட்டால் டார்க் சென்சாரின் நடுப்புள்ளி விலகியிருக்கிறது, ஸ்கேனர் உள்ளவரிடம் போங்கள். ஃபியூஸைப் பிடுங்கிவிட்டும் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். மோட்டார் செத்தாலும் கையால் ஒடிக்க முடிந்தாக வேண்டும்.

ரோட்டில் இறக்கும் முன் காகிதம். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு தயாரிப்பாளர் சொன்ன அமைப்பை மாற்றத் தடை போடுகிறது. கேரள வழக்கு ஒன்றில் 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. வாளையார் தாண்டிக் கேரளாவுக்குள் போகும் எண்ணமிருந்தால் ஆர்.டி.ஓ.வை முதலில் பாருங்கள்.

கடைசியாகக் காஸ்டர், அதாவது முன்சக்கரம் திரும்பும் அச்சு பக்கவாட்டில் பார்த்தால் பின்னுக்குச் சாய்ந்திருக்கும் கோணம். கையால் ஒடிக்க லேசாக இருக்கட்டும் என்று பலர் 2, 3 டிகிரியில் வைத்திருப்பார்கள். மோட்டாரும் அதைத் தண்டோடு இணைக்கும் வார்ம் பல்லும் சேர்க்கும் உராய்வில், வளைவு முடிந்தும் வளையம் நடுவுக்குத் திரும்பச் சோம்பும். இப்போது 5, 6 டிகிரிக்கு ஏற்றலாம். பால் ஜாயின்ட் இரண்டுக்கும் இடைவெளி 250 மி.மீ. என்றால், மேல் ஜாயின்டை 4.4 மி.மீ. பின்னுக்குத் தள்ள 1 டிகிரி. ஒவ்வொரு முறையும் டோவை (முன்சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ பார்க்கும் அளவு) திரும்பப் பார்க்க வேண்டும். சோதிக்க ஆடி மாதம் கோவை–பொள்ளாச்சி ரோடு போதும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கிணத்துக்கடவுப் பக்கம் குறுக்கே அடிக்கும். 70 கி.மீ. வேகத்தில், காற்று தள்ளும்போது கை தானாகத் திருத்திக்கொண்டே இருந்தால் இன்னும் ஒரு டிகிரி ஏற்றுங்கள், அல்லது வேகச் சிக்னலைப் பாருங்கள்.