எல்லா ஆட்டத்துக்கும் ஒரே மட்டை: ஆல்ரவுண்ட் பேட்மின்டன் ராக்கெட்டைத் தேர்ந்தெடுத்த விதம்

சிங்கிள்ஸ், டபுள்ஸ் இரண்டையும் ஒரே மாலையில் மாறி மாறி ஆடுகிறவர்களுக்கு மட்டை தேர்ந்தெடுப்பது தனிச் சிக்கல். பின்கோர்ட்டிலிருந்து ஓங்கி அடிப்பவருக்குத் தலைப்பக்கம் கனமான மட்டை என்றும், டபுள்ஸில் முன்னால் நின்று ஷட்டிலை மறித்து ஆடுபவருக்குத் தலைப்பக்கம் இலேசான மட்டை என்றும் எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் அரை மணி நேரத்துக்குள் இரண்டு வேலைகளையும் செய்ய வேண்டிய என்னைப் போன்றவர்களுக்கு அந்தப் பதில் போதாது. எடை, சமநிலை, ஷாஃப்டின் (கைப்பிடியையும் தலையையும் இணைக்கும் தண்டின்) விறைப்பு ஆகிய எல்லாவற்றிலும் நடு அளவைப் பிடித்துவிட்டால் அதுவே ஆல்ரவுண்ட் மட்டை என்ற கருத்து பரவலாக இருக்கிறது. தேடலின் முடிவில் நான் வந்து சேர்ந்த இடம் வேறு: நெருக்கடியில் நம்முடைய மிகப் பலவீனமான அடியை எந்த மட்டை காப்பாற்றுகிறதோ, அதுதான் நமக்கு ஆல்ரவுண்ட் மட்டை.

முதலில் எண்களைப் புரிந்துகொள்ள வேண்டியிருந்தது. கைப்பிடிக்கு மேலே, கூம்பு போன்ற பகுதியில் '4யு, ஜி5' என்று அச்சிட்டிருப்பார்கள். பக்கத்திலேயே அந்த ஃபிரேம் தாங்கும் டென்ஷன், அதாவது ஸ்ட்ரிங் இழையின் இறுக்கம், பவுண்டில் குறிக்கப்பட்டிருக்கும். யோனெக்ஸ் நிறுவனத்தின் அளவுமுறையில் 3யு என்பது 85 முதல் 89.9 கிராம் வரை, 4யு என்பது 80 முதல் 84.9 கிராம் வரை, 5யு என்பது 75 முதல் 79.9 கிராம் வரை. எண் கூடக் கூட எடை குறையும். ஜி என்பது கைப்பிடியின் சுற்றளவு. அதிலும் எண் பெரிதானால் பிடி சிறிதாகும். எல்லா நிறுவனங்களும் இதே முறையைப் பின்பற்றுவதில்லை என்பதால், வேறு நிறுவனத்தின் மட்டையை ஒப்பிடும்போது குறியீட்டை விட்டுவிட்டு கிராமையும் மில்லிமீட்டரையும் பார்ப்பதே நல்லது.

எடையைவிட ஆட்டத்தை அதிகம் மாற்றுவது சமநிலைப் புள்ளி. கைப்பிடியின் அடி நுனியிலிருந்து அளக்கும்போது, ஸ்ட்ரிங் பின்னாத மட்டையில் அது ஏறத்தாழ 285 மில்லிமீட்டருக்குள் இருந்தால் தலை இலேசு, 295-ஐத் தாண்டினால் தலை கனம், இடைப்பட்டது சமநிலை என்று பொதுவாகக் கொள்கிறார்கள். இந்த எண்ணை அப்படியே நம்பிவிடாமல், ஒரு தடித்த ஸ்கேலின் விளிம்பில் மட்டையைக் கிடையாக வைத்து, இரு பக்கமும் சாயாமல் நிற்கும் இடத்தைப் பென்சிலால் குறித்து நானே அளந்து பார்த்தேன். ஸ்ட்ரிங்கின் எடை நாலைந்து கிராம்தான் என்றாலும் அது முழுவதும் தலையில் ஏறுவதால், பின்னிய பிறகு புள்ளி ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தலைப்பக்கம் போய்விடுகிறது. கைப்பிடியில் ஓர் ஓவர்கிரிப்பை (பிடியின் மேல் சுற்றும் பட்டையை) சுற்றியதும் கிட்டத்தட்ட அதே தூரம் திரும்பி வந்துவிடுகிறது. அட்டவணையில் ஐந்து மில்லிமீட்டர் வித்தியாசத்துக்காக இரண்டு மட்டைகளுக்கிடையே திண்டாடுபவர்கள், அதைவிடப் பெரிய மாற்றத்தை ஓவர்கிரிப்பின் கனமே செய்துவிடும் என்பதை முதலில் கணக்கில் எடுக்க வேண்டும்.

இதற்குப் பிறகு, உடன் ஆடுகிறவர்களிடம் மட்டைகளை இரவல் வாங்கி ஆடினேன். தலை கனமான அஸ்ட்ராக்ஸ், த்ரஸ்டர் வகைகளும், வேகத்துக்கென்று வடிவமைத்த நானோஃப்ளேர், ஆராஸ்பீட் வகைகளும் இப்படிக் கைக்கு வந்தன. ஒன்றில் அடித்தால் ஷட்டில் கைக்கு ஒட்டுவதுபோல் நின்று போகிறது, இன்னொன்றில் பட்டென்று தெறிக்கிறது என்று குறித்துக்கொண்டபோது, இந்த வேறுபாட்டில் எவ்வளவு ஃபிரேமுடையது, எவ்வளவு ஸ்ட்ரிங்குடையது என்று பிரித்தறிய முடியவில்லை. 28 பவுண்டில் மெல்லிய ஸ்ட்ரிங் பின்னிய மட்டையையும், பல மாதம் ஆடித் தளர்ந்துபோன 22 பவுண்டு மட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதில் பொருளில்லை. ஆகவே இரவல் மட்டைகளைத் தலை கனமா, இலேசா, நடுத்தரமா என்ற வகையை முடிவுசெய்ய மட்டும் பயன்படுத்தினேன்.

அந்த முடிவு விரைவாகவே கிடைத்தது. தலை கனமான மட்டையில் முழு நீளத்துக்குக் கிளியர் (ஷட்டிலை உயரமாகப் பின்கோர்ட்டுக்கு அனுப்பும் அடி) அடிப்பது சுகமாக இருந்தது, ஸ்மாஷும் ஆழமாக இறங்கியது. ஆனால் டபுள்ஸில் எதிராளி இடுப்புக்கு நேராக அடித்தபோது தலையைத் திருப்பிக் கொண்டுவர நேரம் போதவில்லை. தலை இலேசான மட்டையில் டிரைவும் (வலையை ஒட்டித் தட்டையாக விரையும் அடி) பிளாக்கும் (வேகமாக வரும் ஷட்டிலை மறித்துத் திருப்பும் அடி) மின்னலாய் வந்தன. ஆனால் சிங்கிள்ஸில் பின்மூலைக்குத் தாமதமாகப் போய்ச் சேர்ந்து பேக்ஹேண்டில் தூக்கிய கிளியர் பாதிக் கோர்ட்டிலேயே விழுந்தது. எனவே சமநிலை மட்டைகள் மட்டும் மிஞ்சின.

இறுதிப் போட்டி யோனெக்ஸின் ஆர்க்சேபர் 11 ப்ரோ, ஆர்க்சேபர் 7 ப்ரோ இரண்டுக்கும் இடையே நடந்தது. இரண்டும் சமநிலை வகை. முன்னதன் ஷாஃப்ட் விறைப்பானது, பின்னதன் ஷாஃப்ட் மிதமாக வளைவது. இரண்டும் 4யு எடையில், ஒரே 0.70 மில்லிமீட்டர் ஸ்ட்ரிங்கை 24 பவுண்டில் பின்னிக் கையில் இருந்தன. இப்படி ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் சமமாகக் கிடைப்பது அரிது. கிடைத்தால் மட்டும்தான் ஒப்பீடு உண்மையானதாகிறது.

சோதனையை ஸ்மாஷில் தொடங்கக் கூடாது என்பது என் திடமான எண்ணம். ஸ்மாஷ் நாம் தயாராக நின்று, நேரம் எடுத்து அடிக்கிற அடி. அதில் எந்த மட்டையும் நன்றாகத்தான் தெரியும். நான் முதலில் எடுத்துக்கொண்டது டிஃபென்ஸ். இணையாளர் வலைக்கு அப்பால் நடுக்கோர்ட்டில் நின்று, என் வலது தோளுக்கும் இடுப்புக்கும் இடைப்பட்ட அந்தச் சங்கடமான இடத்தைக் குறிவைத்துத் தொடர்ந்து அடிக்க, நான் பேக்ஹேண்ட் பிடியிலேயே நின்று எடுத்தேன். எத்தனை ஷட்டில் திரும்பியது என்பதைவிட, திரும்பியவை எங்கே போயின என்பதைக் கவனித்தேன். விறைப்பான ஷாஃப்டில், சரியாகப் பட்ட ஷட்டில்கள் பின்கோடு வரை போயின, அரைகுறையாகப் பட்டவை வலையருகே உயரமாக எழும்பி எதிராளிக்கு விருந்தாயின. மிதமான ஷாஃப்டில் உச்சத் தூரம் சற்றுக் குறைந்தது, ஆனால் அரைகுறை அடிகளும் பின்கோர்ட்டுக்குள் போய் விழுந்தன.

அடுத்து, பின்மூலையில் தாமதமாக எடுக்கிற பேக்ஹேண்ட் கிளியர். விறைப்பான ஷாஃப்ட் வளைவதற்கு மணிக்கட்டும் முன்கையும் குறுகிய நேரத்தில் கூர்மையான வேகம் கொடுக்க வேண்டும். அந்த வேகம் இல்லாதவர் கையில் ஷாஃப்ட் வளையாமலே அடி முடிந்துவிடும், வேலை முழுவதும் தோளுக்கும் முழங்கைக்கும் போய்ச் சேரும். மிதமான ஷாஃப்ட் குறைந்த வேகத்திலேயே வளைந்து நிமிர்ந்து உதவுகிறது. பதிலாக, மிக வேகமாக வீசுகிறவருக்கு அது நிமிர்வதற்குள் ஷட்டில் போய்விடுவதுபோல் தோன்றும், திசைக்கட்டுப்பாடும் கொஞ்சம் குறையும். இந்தச் சோதனையை நான் ஆட்டத்தின் தொடக்கத்தில் செய்யாமல், களைத்துப்போன கடைசி ஆட்டத்துக்குப் பிறகு செய்தேன். மூன்றாவது கேமில் 18-18 என்று நிற்கும்போது இருக்கிற கைதான் மட்டையைத் தேர்ந்தெடுக்க வேண்டிய கை. வலையருகே ஆடும் நெட் ஷாட்டில் எனக்கு இரண்டுக்கும் வேறுபாடு தெரியவில்லை. ஸ்மாஷைக் கடைசியில் அடித்துப் பார்த்தேன். 11 ப்ரோவின் ஸ்மாஷ் தெளிவாகக் கூர்மையாக இருந்தது. அப்படியிருந்தும் 7 ப்ரோவைத்தான் எடுத்தேன், ஏனென்றால் நான் புள்ளிகளை இழப்பது ஸ்மாஷில் அல்ல.

கைப்பிடியைப் பலர் அலட்சியம் செய்கிறார்கள். ஃபோர்ஹேண்டிலிருந்து பேக்ஹேண்டுக்குக் கட்டைவிரலை மாற்றி வைப்பதற்கு விரல்களுக்குள் மட்டை சற்றே உருள வேண்டும். பிடி தடிமனானால் அந்த உருட்டல் தாமதப்படும், மெலிந்தால் இறுக்கிப் பிடித்து முன்கை சோர்ந்துவிடும். நடுவிரல், மோதிரவிரல் நுனிகளுக்கும் உள்ளங்கைக்கும் இடையே சிறு விரலொன்று நுழையும் அளவு இடைவெளி இருக்கும்படி ஜி5 பிடியின் மேல் ஒரே ஒரு மெல்லிய ஓவர்கிரிப் சுற்றினேன். வியர்வை அதிகமுள்ளவர்கள் துணிக் கிரிப்பை விரும்புவார்கள். அது தடிமனானது என்பதால் இன்னும் சிறிய பிடியிலிருந்து தொடங்குவது நலம்.

ஸ்ட்ரிங்கைப் பொறுத்தவரை, மெல்லியது தெறிப்பும் ஓசையும் தரும், தடித்தது அதிக நாள் உழைக்கும். 0.70 மில்லிமீட்டரையே வைத்துக்கொண்டேன். டென்ஷன் கூடினால் வேகம் கூடும் என்று நினைப்பது தவறு; டென்ஷன் கூடும்போது கட்டுப்பாடு கூடுகிறது, ஆனால் வேகத்தை நம் கையே கொடுக்க வேண்டியிருக்கிறது, ஸ்வீட் ஸ்பாட்டும் (அடி நன்றாக அமையும் நடுப்பகுதி) சுருங்குகிறது. 26 பவுண்டில் ஒரு முறை பின்னி ஆடியபோது நடுவில் பட்ட அடிகள் அருமையாக இருந்தன. ஆனால் எந்த டிஃபென்ஸுக்காக இந்த மட்டையை எடுத்தேனோ, அந்த டிஃபென்ஸில் ஷட்டில்கள் மறுபடியும் பாதிக் கோர்ட்டில் நின்றன. ஆகவே 24-க்கே திரும்பினேன். பின்னிய முதல் சில நாட்களிலேயே டென்ஷன் ஓரளவு இறங்கிவிடும் என்பதால், பின்னிய தேதியைக் கைப்பிடியின் அடியில் சிறு ஒட்டுத்தாளில் எழுதி வைக்கிறேன்.

ஆட்டத்தின் நடுவே ஸ்ட்ரிங் அறுந்தால் கைகொடுக்க, பிறகு அதே மாதிரியில் இன்னொன்றும் வாங்கினேன். ஒரே குறியீடு என்றாலும் 4யு என்பது ஐந்து கிராம் வரம்பு. புதியது பழையதைவிடச் சற்றுக் கனமாகவும், சமநிலைப் புள்ளி சில மில்லிமீட்டர் தலைப்பக்கம் தள்ளியும் இருந்தது. அதன் கைப்பிடியில் கொஞ்சம் தடித்த ஓவர்கிரிப்பைச் சுற்றி மீண்டும் ஸ்கேல் விளிம்பில் வைத்துப் பார்த்தேன். இரண்டின் பென்சில் குறிகளும் ஒரே இடத்தில் வந்து நின்றன.