மாமனார் தோட்டத்தில் குலை வெட்ட அனுமதி வாங்கிய கதை

மலேசியப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு இங்கே வந்து நீண்டகால சோஷியல் பாஸில் (குடிமகனின் கணவனோ மனைவியோ இங்கே தங்கக் கொடுக்கிற விசா) இருக்கிற நம் ஊர் மாப்பிள்ளைகள் அடிக்கடி கேட்கிற கேள்வி இது: "வீட்டு நிலம், வீட்டு வேலை, பத்துக் காசு சம்பளம் வாங்கலை, இதுக்கு எதுக்குங்க பெர்மிட்?" நானும் 2019 மார்ச் மாதம் வரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் சொந்த ஊர் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பாபநாசம். மனைவி மலேசியாவின் பேரா மாநிலத்தில் தெலுக் இந்தானுக்கு வெளியே. மாமாவுக்கு ஏழு ஏக்கர் செம்பனை (பாமாயில் மரம்), ஏறத்தாழ 380 மரம். பதினைந்து நாளைக்கு ஒரு சுற்று வெட்டினால் இரண்டு டன் வரும், சில நேரம் அதுவும் வராது. ஓர் இந்தோனேசியக்காரர்தான் பல வருடமாக வெட்டிக்கொண்டிருந்தார். அவர் ஊருக்குப் போனவர் திரும்பவில்லை. மாமாவுக்கு முட்டியில் ஆப்பரேஷன் முடிந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. செம்பனை யாருக்காகவும் காத்திருக்காது. பழுத்த குலையை விட்டுவைத்தால் பழம் உதிர்ந்து தரையெல்லாம் ஆரஞ்சு நிறத்தில் கிடக்கும், அதை ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும், வெட்டிய குலையையும் ஒரு நாளுக்குள் ஆலையில் சேர்க்கவில்லை என்றால் எண்ணெயில் அமிலம் ஏறிவிடும், வாங்குகிறவர் விலையைக் குறைப்பார். வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிற மாப்பிள்ளை, அதுவும் டெல்டாக்காரன், எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பான்?

அரிவாளை எடுத்தேன். எடுத்த பிறகுதான் தெரிந்தது, நமக்குத் தெரிந்த விவசாயம் வேறு, இது வேறு. நீளமான அலுமினியக் கழியின் நுனியில் வளைந்த அரிவாள். கீழே நின்றபடி அண்ணாந்து, முதலில் குலையைத் தாங்கிக்கொண்டிருக்கிற மட்டையை அறுத்து இறக்கி, அப்புறம் குலைக்காம்பில் கத்தியை மாட்டி ஒரே இழுப்பு. இருபது கிலோ குலை, இருபதடி உயரத்திலிருந்து, நாம் நிற்கிற பக்கமே பார்த்து வரும். மட்டை அடியில் இருக்கிற முள் கையுறையைத் தாண்டி உள்ளே போய் முறிந்து நிற்கும், ராத்திரி மனைவி ஊசியை வைத்து எடுப்பாள். முதல் வாரம் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. மூன்றாவது சுற்றில் ஓரளவு கை வந்துவிட்டது, மரத்தடியில் உதிர்ந்து கிடக்கிற பழத்தைப் பார்த்தே மேலே எந்தக் குலை பழுத்திருக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தேன். மாமாவுக்குச் சந்தோஷம். எதிரில் பார்க்கிறவர்களிடமெல்லாம், "மாப்பிள்ளை தோட்டத்தில் இறங்கிட்டாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அப்படிச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

ஒருநாள் குடிநுழைவுத் துறை (இமிகிரேஷன்) அதிகாரிகள் வந்தார்கள், என்னைத் தேடி வரவில்லை. பக்கத்துத் தோட்டத்தில் பாஸ், பெர்மிட் இல்லாத ஆட்கள் இருக்கிறார்கள் என்று சோதனைக்கு வந்த வண்டி, எங்கள் செம்மண் பாதை வழியாகத்தான் போக வேண்டும். பனியனும் ரப்பர் பூட்ஸும் போட்டு, கையில் அரிவாளோடு ஒரு கறுத்த ஆள் நின்றால் யாராக இருந்தாலும் வண்டியை நிறுத்துவார்கள். பாஸ்போர்ட் கேட்டார்கள். வீட்டில் இருந்தது. போன் செய்து, மனைவி மோட்டாரில் கொண்டுவந்து கொடுக்கிற வரைக்கும் மட்டைக் குவியல் மேல் உட்கார்ந்திருந்தேன். பக்கத்துத் தோட்டத்து இந்தோனேசியப் பையன்கள் இரண்டு பேரிடமும் கேட்டார்கள், அவர்கள் பாஸ்போர்ட்டைக் காட்டினார்கள், தற்காலிக வேலை பாஸ், முதலாளி பெயர் சரி, துறை சரி, போகலாம் என்று விட்டுவிட்டார்கள். நான்தான் மிச்சம்.

என் பாஸைப் புரட்டின அதிகாரி, வேலை செய்ய அனுமதி இல்லை என்று அதிலேயே இருக்கிற வரியின் மேல் விரலை வைத்துக் காட்டினார். ஒவ்வொரு முறை புதுப்பிக்கும்போதும் நான் பார்க்கிற வரிதான், ஆனால் ஆபீஸ், ஃபேக்டரி மாதிரியான வேலையைச் சொல்கிறார்கள் என்று நானே ஓர் அர்த்தம் வைத்திருந்தேன். "காஜி பெராப்பா?" என்றார். சம்பளம் எவ்வளவு. "காஜி தக் அடா, துவான்," சம்பளம் இல்லை ஐயா, மனைவியின் அப்பா நிலம், குடும்பம் என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: உனக்கு முன்னாடி இதை யார் வெட்டினது? இந்தோனேசியக்காரர் என்றேன். அவருக்குக் காசு கொடுத்தீர்களா? கொடுத்தோம். "அப்போ நீ செய்றது அவர் வேலை."

இதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கும் இல்லை. சம்பளம் வாங்கவில்லை என்பதை நான் பெரிய நியாயமாக வைத்திருந்தேன், அவர் பார்த்தது வேறு பக்கம்: விற்பனைக்குப் போகிற பழம், கூலி கொடுத்துச் செய்கிற வேலை, அதைப் பாஸில் அனுமதி இல்லாத வெளிநாட்டுக்காரன் செய்கிறான். அவ்வளவுதான்.

மனைவியிடம் தனியாகப் பேசினார்கள். எச்சரித்து விட்டுவிட்டார்கள், முறைப்படி அனுமதி வாங்கு என்றும் சொன்னார்கள். என் அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும், இதை வைத்து நீங்களும் விட்டுவிடுவார்கள் என்று கணக்குப் போடாதீர்கள். பாஸ் நிபந்தனையை மீறினால் 1963ஆம் ஆண்டுக் குடிநுழைவு விதிமுறை 39(பி)யின்படி ஆறு மாதம் வரை சிறை அல்லது 1,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம் அல்லது இரண்டும். அதைவிட எங்களைக் கலங்கடித்தது குடிநுழைவுச் சட்டத்தின் 55பி. முறையான பாஸ் இல்லாதவரை வேலைக்கு வைத்தால் ஒரு தலைக்கு 10,000 முதல் 50,000 வெள்ளி அபராதம் அல்லது ஒரு வருடம் வரை சிறை அல்லது இரண்டும். அது எனக்கல்ல, மாமாவுக்கு. எங்கள் விஷயத்தில் அது பொருந்துமா என்று வாதாட வக்கீல் வைக்கலாம்தான். எழுபது வயதில், ஆப்பரேஷன் செய்த காலோடு, மருமகனுக்கு வேலை கொடுத்தார் என்று அந்த மனிதர் ஏன் கோர்ட்டுப் படி ஏற வேண்டும்? அன்று சாயங்காலமே அரிவாளைக் கழுவி, எண்ணெய் தடவி, கொட்டகைக் கூரையில் செருகிவைத்துவிட்டேன். அடுத்த மூன்று மாதம் டன்னுக்கு இவ்வளவு என்று பேசி வெளியாள் வந்து வெட்டினார், பாதிக் குலையைக் காயாக வெட்டினார், நான் வாசலில் நாற்காலி போட்டுப் பார்த்தேன்.

இனி அனுமதி வாங்கின கதை. குடிமகனின் கணவனோ மனைவியோ இந்த சோஷியல் பாஸில் இருந்துகொண்டே வேலை செய்ய அனுமதி கேட்கலாம், அதற்காக வேறு பாஸுக்கு மாற வேண்டியதில்லை. இது பலருக்குத் தெரியவில்லை. என்னிடமே ஒருவர், ஊருக்குப் போய்த் தோட்ட வேலை பெர்மிட்டில் திரும்பி வா என்று யோசனை சொன்னார். அந்தப் பெர்மிட்டில் இருக்கிற தொழிலாளி இங்கே கல்யாணம் செய்துகொள்ளவே கூடாது என்பது நிபந்தனை. நானோ கல்யாணம் செய்துகொண்டதால்தான் இங்கே இருக்கிறேன். நல்ல யோசனைதான்!

முதல் முறை குடிநுழைவு அலுவலகத்துக்குத் தனியாகப் போனேன். விடிகாலை கிளம்பி, நம்பர் எடுத்து, பதினொரு மணிக்கு என் நம்பர் வந்தது, "இஸ்திரி மானா?" என்று கேட்டார்கள். மனைவி எங்கே? குடிமகனாக இருக்கிறவர் நேரில் வர வேண்டும். அரை நிமிடத்தில் வெளியே.

இரண்டாவது முறை மனைவியோடு, மாமா கைப்பட எழுதிக் கொடுத்த கடிதத்தோடு. கவுண்டரில் இருந்த பெண் பொறுமையாகப் படித்தார். அந்தக் கடிதத்தில் மாமா, என் மருமகன் நல்ல பிள்ளை, குடிக்க மாட்டார் என்றெல்லாம் எழுதியிருந்தார் (மலாய் அவருக்குத் தண்ணி பட்ட பாடு, எனக்கு அப்போது அரைகுறை, அதனால் வெளியே வந்த பிறகு மனைவி சொல்லித்தான் தெரியும்). அந்தப் பெண் சிரித்துவிட்டு, இதில் முதலாளி யார், மாமனாரா, நிலமா, ஒரு கம்பெனியா என்று கேட்டார். மாமாவுக்கு நிலத்தின் கிராண்ட் (நிலப்பட்டா) இருக்கிறது, பழம் விற்க எம்பிஓபி (மலேசிய செம்பனை எண்ணெய் வாரியம்) உரிமம் இருக்கிறது, ஆனால் தொழில் என்று எங்கும் பதிவு இல்லை. அந்தப் பதிவை முடித்துக்கொண்டு, வேலை என்ன, சம்பளம் எவ்வளவு என்று எழுதின நியமனக் கடிதத்தோடு வாருங்கள் என்றார்.

அவர் நல்ல மாதிரியாகப் பேசியதால் என் மனதில் இருந்ததைக் கேட்டேன். வீட்டு வாசலில் புல் வெட்டுகிறேன், கூரை ஒழுகினால் ஏறிப் பார்க்கிறேன், வேலிக்குப் பெயின்ட் அடிக்கிறேன், இதற்கெல்லாமும் அனுமதி வேண்டுமா? "உன் வீட்டுக் குழாயை நீ மாற்றினால் யாரும் வந்து கேட்கப்போவதில்லை. பக்கத்து வீட்டுக் குழாயை மாற்றப் போனால் கேட்போம். லாரியில் ஏற்றி விற்கிறதென்றால் கேட்போம்," என்றார். இது கவுண்டர் பேச்சு, சட்டப் புத்தகம் இல்லை, ஆனால் நான் படித்த எல்லாவற்றையும்விட இதுதான் எனக்குப் புரிந்தது. அன்று முதல் இந்தக் கோட்டைத் தாண்டவில்லை.

தொழில் பதிவு எஸ்எஸ்எம்மில், அதாவது மலேசிய நிறுவன ஆணையத்தில். குடிமகனோ நிரந்தரவாசியோ இல்லாததால் என் பெயரை அதில் சேர்க்க வழியில்லை, மாமா பெயரில் மட்டும்தான். அடையாள அட்டையில் உள்ள சொந்தப் பெயரிலேயே பதிந்தால் ஆண்டுக்கு 30 வெள்ளி, தனியாகத் தொழில் பெயர் வைத்தால் 60. மாமாவுக்கு அவர் அம்மா பெயரை வைக்க ஆசை. அங்கேயே நின்று கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "30 போதும்" என்றார்.

நடுவில் ஓர் ஏஜென்ட். எல்லாவற்றையும் நானே பார்த்துக்கொள்கிறேன், நியமனக் கடிதத்தில் "மார்க்கெட்டிங் மேனேஜர்" என்று போட்டுக்கொள்ளலாம், தோட்ட வேலை என்று போட்டால் இழுப்பார்கள் என்றார். ஏழு ஏக்கர் தோட்டத்துக்கு மார்க்கெட்டிங் மேனேஜர்! மனைவி ஒரேயடியாக வேண்டாம் என்றுவிட்டாள். அவள் சொன்ன காரணம் சரியாக இருந்தது: அடுத்த முறை வண்டி வந்து நிற்கும்போது உங்க கையில அரிவாள்தான் இருக்கும், பேனா இருக்காது. தோட்ட வேலை, அறுவடை, பராமரிப்பு என்று உள்ளதை உள்ளபடி எழுதினோம். சம்பளம் 1,100 வெள்ளி. அந்த வருடம் குறைந்தபட்சச் சம்பளம் அதுதான், அதற்குக் கீழே போட முடியாது.

மூன்றாவது முறை மூன்று பேரும் போனோம். கல்யாணப் பத்திரம், மனைவியின் அடையாள அட்டை, இருவரின் விண்ணப்பக் கடிதம், நியமனக் கடிதம், எஸ்எஸ்எம் தாள், எம்பிஓபி உரிமம், கிராண்ட் நகல், பாஸ்போர்ட்டின் எல்லாப் பக்கமும் நகல். எங்களிடம் கேட்டது இவை. எதைக் கேட்டாலும் மூலத்தையும் கொண்டுபோங்கள், நகல் கடை எதிரிலேயே இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். மாமாவைக் கேள்வியே கேட்கவில்லை, ஆனால் அவர் சட்டை இன் செய்து வந்து உட்கார்ந்திருந்தது எனக்குத் தைரியமாக இருந்தது. ஐந்து வாரம் கழித்து வரச் சொன்னார்கள், போனோம், பாஸ்போர்ட்டில் வேலை செய்ய அனுமதி என்று குத்திக் கொடுத்தார்கள். அந்தப் பக்கத்தை காரில் வைத்து மூன்று பேரும் மாறி மாறிப் பார்த்தோம்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இது மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. இதே நான் பெண்ணாகப் பிறந்து மலேசிய ஆணைக் கட்டியிருந்தால், அரசியலமைப்பின் 15ஆவது பிரிவில் ஒருநாள் குடியுரிமைக்கு மனுப் போட வழி இருந்திருக்கும். மலேசியப் பெண்ணின் வெளிநாட்டுக் கணவனுக்கு அந்தப் பிரிவில் இடமில்லை. நிரந்தரவாசம் கேட்கலாம், அதற்கும் ஐந்து வருடம் இங்கே இருந்திருக்க வேண்டும். அதுவரை பாஸ்தான், புதுப்பித்தல்தான், ஒவ்வொரு முறையும் மனைவி லீவு போட்டு என்னோடு வந்து கவுண்டரில் உட்காருவதுதான்.

அனுமதி வந்த பிறகு மாமா நிஜமாகவே முதலாளி ஆனார். 2019 ஜனவரியிலிருந்து வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் சொக்சோ (சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) வேலைக்காயத் திட்டம் வந்தது, அப்போது முதலாளி சம்பளத்தில் 1.25 விழுக்காடு கட்ட வேண்டியிருந்தது. என் பெயரில் மாதம் 13 வெள்ளி சொச்சம் கட்டினார். முள் குத்தினால் கிளைம் பண்ணலாமா என்று என்னிடம் விசாரித்தார்.

கொட்டகையில் செருகிவைத்த அரிவாளை எடுத்துத் தீட்டினேன். முதல் சுற்றில் மறுபடி கழுத்து பிடித்துக்கொண்டது. அந்த நேரம் பார்த்துச் செம்பனை விலை விழுந்து கிடந்தது, டன்னுக்கு 400 வெள்ளிகூட இல்லை. மாதக் கடைசியில் பழக்கணக்கு 1,500 பக்கம் வந்தது. அதில் 1,100 எனக்குச் சம்பளம். மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கணக்கை இரண்டு முறை கூட்டினார்.

"மாப்பிள்ளை, நீங்க ஓசியில வெட்டினப்போ தோட்டத்துக்கு லாபம், அது குத்தம்னாங்க. இப்போ காசு வாங்கிட்டு வெட்டுறீங்க, உர மூட்டைக்குக் காசு இல்ல. இதுதான் சரியா?"

சம்பளத்தை வங்கியில் போட்டுச் சீட்டைக் கையில் கொடுத்தார், கையெழுத்து வாங்கிக்கொண்டார், அதையும் ஒரு ஃபைலில் போட்டார். மறுநாள் காலையில் நான் போய் என் பணத்தில் உர மூட்டை வாங்கி வந்து கொட்டகையில் இறக்கினேன்.