குறை சொல்பவர்களை எனக்குப் பிடிக்கும்

நாகர்கோவிலில் ஒரு தனியார் மருத்துவமனையின் இதயநோய்ப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களின் ஐஎன்ஆர் அளவை, அதாவது ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் எண்ணைக் குறித்துவைப்பதும், மருத்துவர் மாற்றிக் கொடுத்த அளவை அவர்களுக்கும் வீட்டாருக்கும் புரியும்படி சொல்வதும்தான் பல வருடங்களாக என் வேலை. இவர்களில் பெரும்பாலோருக்கு இதயத்துடிப்பு தாறுமாறாக இருக்கும். சீட்டில் ‘ஏ.எஃப்.’ என்று எழுதியிருக்கும், ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கிக்கொண்டே இருப்பதால், இடது மேலறையின் ஓரத்தில் உள்ள சிறிய பையில் ரத்தம் தேங்கி உறைகிறது. அந்தக் கட்டி மூளைக்குப் போய் அடைத்தால் பக்கவாதம். ஏ.எஃப். உள்ளவர்களுக்குப் பக்கவாத ஆபத்து ஏறக்குறைய 5 மடங்கு அதிகம். வார்ஃபரின் போன்ற மாத்திரையை ஒழுங்காக எடுத்தால் அந்த ஆபத்தில் மூன்றில் இரண்டு பங்கு குறைகிறது.

ஆனால் குறைந்ததை நோயாளி எங்கே பார்க்கிறார்? காய்ச்சல் மாத்திரை போட்டால் காய்ச்சல் விடுகிறது, மூட்டுவலி மாத்திரை போட்டால் வலி அடங்குகிறது. இந்த மாத்திரை சரியாக வேலை செய்தால் ஒன்றுமே நடக்காது. நெஞ்சுப் படபடப்புகூடக் குறையாது. அதற்கு வேறு மாத்திரை. கண்ணில் படுவதெல்லாம் தொல்லைகள்தான்: பல் துலக்கும்போது கசியும் ரத்தம், எங்கே இடித்தது என்றே தெரியாமல் கையில் கன்றிப்போன இடம், மாதாமாதம் ரத்தப் பரிசோதனை, சாப்பாட்டில் கட்டுப்பாடு. அதனால் ‘இந்த மாத்திரை உங்களுக்குத் திருப்தியாக இருக்கிறதா?’ என்று கேட்டு, வந்த பதிலை அப்படியே எழுதிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. என் அனுபவத்தில், ஓயாமல் குறை சொல்பவர்தான் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்.

குலசேகரம் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வருவார். சிறுவயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலில் இதயத்தின் மைட்ரல் வால்வு சுருங்கி, நடுவயதில் ஏ.எஃப். சேர்ந்துகொண்டது. வார்ஃபரின் வகையைச் சேர்ந்த அசினோகுமரால் சாப்பிடுகிறார். நாற்காலியில் உட்காரும்போதே ஆரம்பித்துவிடுவார். “மக்ளே, முருங்கையிலைத் துவரன் சாப்பிட்டு எத்தனை நாளாயிற்று தெரியுமா?” அடுத்தது பஸ், தக்கலையில் இறங்கி மாற வேண்டும், காலையில் கூட்டத்தில் நிற்க முடியவில்லை. அதற்கடுத்தது மாத்திரை: “ஒரு நாள் ஒன்று, மறுநாள் ஒன்றரை. பாதியாக உடைத்தால் பொடிந்துபோகிறது. இந்த வயதில் இதென்ன கணக்கு?”

இத்தனையும் சொல்லிவிட்டுப் பையிலிருந்து மாதக் காலண்டர் தாள் ஒன்றை எடுத்து விரிப்பார். ஒவ்வொரு தேதிக்கும் கீழே பென்சிலில் 1 அல்லது 1½. சாப்பிட்டு முடித்ததும் அதன்மேல் ஒரு சாய்வுக்கோடு. கோடு விழாத தேதியை நான் பார்த்ததில்லை. ஒருமுறை பல்வலிக்கு வேறொரு இடத்தில் மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மாத்திரை கொடுத்திருந்தார்கள். அந்த மருந்து அசினோகுமராலின் வீரியத்தைக் கூட்டிவிடும். நான்காம் நாள் ஈறில் ரத்தம் நிற்கவில்லை என்று போனில் கூப்பிட்டார். எடுத்துப் பார்த்தால் ஐஎன்ஆர் 5-ஐத் தாண்டியிருந்தது. அவருக்கு 2-க்கும் 3-க்கும் நடுவில் இருக்க வேண்டும். இரண்டு நாள் மாத்திரையை நிறுத்தி, மறுபடி பரிசோதித்து, சரிசெய்துவிட்டோம். சின்ன மாறுதலையும் பொறுத்துக்கொள்ளாத சுபாவம் அவருக்கு இருந்ததால்தான் நான்காம் நாளே எங்களுக்குத் தெரிந்தது.

கீரை விஷயத்தில் அவரை யாரோ தவறாகப் பயமுறுத்தியிருந்தார்கள். கீரையில் உள்ள வைட்டமின் கே இந்த வகை மாத்திரைக்கு எதிராக வேலை செய்கிறது என்பது உண்மை. அதற்காகக் கீரையே கூடாது என்று அர்த்தமில்லை. வாராவாரம் ஏறக்குறைய ஒரே அளவு சாப்பிட்டால் போதும். அதற்கேற்ப மாத்திரை அளவை வைத்துக்கொள்ளலாம். மாதக்கணக்கில் ஒதுக்கிவிட்டு ஒரு வாரம் ஆசைக்கு அள்ளிச் சாப்பிடும்போதுதான் ஐஎன்ஆர் கீழே போய்விடுகிறது. சபரிமலை மாலை போட்டவர் வீட்டிலும், தவக்காலத்தில் மீனையும் இறைச்சியையும் விட்டவர் வீட்டிலும் காய்கறியும் கீரையும் திடீரென்று கூடும். அந்த மாதங்களில் ஐஎன்ஆர் இறங்கிவிடும் என்று எங்களுக்குத் தெரியும், முன்கூட்டியே கேட்டுவிடுவோம்.

புதிய மாத்திரைகள் வந்த பிறகு நிலைமை மாறியது. டாபிகட்ரான், ரிவராக்சபான், அபிக்சபான் என்று 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஒவ்வொன்றாக வந்தன. ஐஎன்ஆர் வேண்டாம், கீரைக்குக் கட்டுப்பாடு இல்லை, மூளைக்குள் ரத்தம் கசியும் ஆபத்தும் குறைவு. ஆரம்பத்தில் விலை கையைக் கடித்தது. காப்புரிமைக் காலம் முடிந்து பல இந்தியக் கம்பெனிகள் தயாரிக்கத் தொடங்கியபின் நம் ஊர் ஆட்களும் வாங்க முடிகிறது. நோயாளிகள் இவற்றை விரும்புவதில் ஆச்சரியம் இல்லை.

மார்த்தாண்டம் பக்கத்துப் பெரியவர் ஒருவர். ரிவராக்சபான் சாப்பிடுகிறார். எதைக் கேட்டாலும், “ஒரு குறையும் இல்லை சிஸ்டர், அருமையான மாத்திரை” என்பார். ஒரு நாள் மாத்திரை அட்டையைக் காட்டச் சொன்னேன். முடிந்திருக்க வேண்டிய அட்டையில் பாதிக்குமேல் அப்படியே இருந்தது. படபடப்பு வரும் நாளில் மட்டும் போடுகிறார். அதையும் விடியற்காலையில் வெறும் வயிற்றில், கட்டன்சாயாவோடு. இந்த மாத்திரையைச் சாப்பாட்டோடு எடுக்க வேண்டும், இல்லையென்றால் உடம்பில் முழுதாகச் சேராது. ஒரு நாள் விட்டால் மறுநாளே பாதுகாப்பு போய்விடுகிறது. பழைய மாத்திரையில் இப்படி விட்டிருந்தால் ஐஎன்ஆர் காட்டிக் கொடுத்திருக்கும். இதில் காட்டிக் கொடுக்க எதுவும் இல்லை. அவருடைய திருப்தி பொய்யில்லை; மாத்திரையைச் சாப்பிடாதவருக்கு அதனால் என்ன தொல்லை இருக்கப்போகிறது?

இதற்கு நேர்மாறாக ஒருவர். தூத்தூர் பக்கத்து ஆழ்கடல் மீனவர். கடலுக்குப் போனால் ஒரு மாதமோ அதற்குமேலோ கழித்துத்தான் கரை. அவரை ஐஎன்ஆருக்கு எப்படி வரச்சொல்வது? அவருக்கு அபிக்சபான் பெரிய உதவி. ஆனாலும் ஒவ்வொரு முறையும் முகத்தில் பயத்தோடுதான் வருவார். தூண்டில் முள் கையைக் கிழித்தால், நடுக்கடலில் ரத்தம் நிற்காமல் போனால்? சுத்தமான துணியை வைத்துக் கால்மணி நேரம் எடுத்துப் பார்க்காமல் அழுத்திப் பிடிக்க வேண்டும், தலையில் அடிபட்டால் வலி இல்லாவிட்டாலும் கரைக்குச் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் சொல்வேன். பயணத்துக்கு வேண்டியதற்குமேல் பத்து நாள் மாத்திரையை அதிகமாக வாங்கி, நனையாமல் கட்டி எடுத்துப்போகிறார். காலையும் இரவும் தவறியதில்லை என்று கூடப்போகிற மருமகன் சொன்னார். திருப்தியை மதிப்பெண்ணாகப் போட்டால் மார்த்தாண்டத்துப் பெரியவருக்கு நூறு, இவருக்கு நாற்பதுகூடத் தேறாது.

ஒருமுறை மருந்தியல் மாணவி ஒருவர் கேள்வித்தாளோடு எங்கள் பிரிவுக்கு வந்தார். ‘ஆன்டி-கிளாட் ட்ரீட்மென்ட் ஸ்கேல்’ என்பது அதன் பெயர். கடந்த நான்கு வாரங்களைப் பற்றி 15 கேள்விகள். 12 சுமையைப் பற்றியவை, 3 நன்மையைப் பற்றியவை. இரண்டையும் கூட்டிக் குழப்பாமல் தனித்தனியே கணக்கிடுவதால் எனக்கு அது பிடித்திருந்தது. சுமை அதிகம் என்று சொல்லும் ஒருவரே, மாத்திரை தன்னைக் காக்கிறது என்று உறுதியாக நம்பலாம். குலசேகரத்து அம்மா அப்படித்தான். மாணவி என் மேசைக்கு எதிரிலேயே உட்கார்ந்து கேட்டபோது எல்லோரும் நல்லதையே சொன்னார்கள். மருந்தைக் குறை சொன்னால் மருத்துவரைக் குறை சொன்னதாகிவிடும் என்று நம் ஊரில் நினைக்கிறார்கள். மாணவியை வெளியே, மருந்து வாங்கக் காத்திருக்கும் இடத்துக்கு அனுப்பினேன். அங்கே பேச்சு வேறாக இருந்தது.

அங்கே தெரியவந்தவற்றில் ஒன்று என்னை உலுக்கியது. வார்ஃபரின் சாப்பிட்ட ஒருவரின் மகன், ‘இது எலி விஷம்’ என்று போனில் படித்துவிட்டு அப்பாவுக்குச் சில வாரம் கொடுக்காமல் இருந்திருக்கிறார். செய்தியில் உண்மை உண்டு. வார்ஃபரின் 1948-இல் எலிகளைக் கொல்லத்தான் விற்பனைக்கு வந்தது. 1954-இல் மனிதர்களுக்கு அனுமதிக்கப்பட்டது. அளவு பார்த்துக் கொடுப்பதற்காகவே ஐஎன்ஆர் எடுக்கிறோம் என்பதை அந்த வீட்டுக்கு முன்பே யாராவது சொல்லியிருக்க வேண்டும். இப்போது நானே முதல் நாளில் எலி விஷத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

இன்னொன்று, நாட்டு வைத்தியம் பார்க்கும் ஆசானிடம் எண்ணெய் தடவப் போவது. இடுப்புப் பிடித்தாலும் கால் பிசகினாலும் இங்கே ஆசானிடம்தான் போவார்கள், அதை எங்களிடம் மறைப்பார்கள். போகாதே என்று சொன்னால் மறைப்பது கூடுமே தவிர, போவது நிற்காது. ‘ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுகிறேன், அழுத்தித் தடவ வேண்டாம்’ என்று ஆசானிடமே சொல்லச் சொல்கிறேன். அதைவிட ஆபத்து, சீட்டு இல்லாமல் கடையில் வாங்கும் வலி மாத்திரைகள். வயிற்றுக்குள் ரத்தம் கசிவதை இவற்றால்தான் அதிகம் பார்க்கிறோம்.

“அவருக்கு மட்டும் புதிய மாத்திரை, எனக்கு ஏன் இல்லை?” என்று குலசேகரத்து அம்மா கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. 2022-இல் வெளிவந்த இன்விக்டஸ் ஆய்வில், ருமாட்டிக் இதயநோயோடு ஏ.எஃப். உள்ளவர்களில் ரிவராக்சபான் எடுத்தவர்களைவிடப் பழைய வகை மாத்திரை எடுத்தவர்களிடையே இறப்பு குறைவாக இருந்தது. திருவனந்தபுரத்தில் உலோக வால்வு வைத்துக்கொண்டு வந்த நம் மாவட்டத்தவர்களுக்கும் புதிய மாத்திரைகள் ஆகாது. அங்கே ஸ்ரீசித்ரா மருத்துவ நிறுவனத்தில் உருவாக்கிய வால்வு 1990-இல் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. அதை நெஞ்சில் தாங்கிய எத்தனையோ பேர் இங்கே வந்து என் முன்னால் கையை நீட்டியிருக்கிறார்கள். இவர்களுடைய சுமையை மருந்தை மாற்றிக் குறைக்க முடியாது. சுற்றியுள்ளதைத்தான் குறைக்க வேண்டும்.

இப்போது திருப்தியா என்று நான் கேட்பதில்லை. போன மாதம் எது தொந்தரவாக இருந்தது என்று கேட்டு, அதை நோயாளியின் குறிப்பு அட்டையின் மேல்வரியில் எழுதுகிறேன். மருத்துவர் ஐஎன்ஆரைப் பார்க்குமுன் அதைப் படிக்கிறார். பாதி மாத்திரை பொடிகிறது என்ற குறை, 1 மி.கி. மாத்திரைகளாகவே எழுதிக் கொடுத்ததும் தீர்ந்தது. முருங்கையிலைக்கு வாரம் இரண்டு நாள் என்று பேசி முடித்தோம்.

பஸ் மட்டும் தீரவில்லை. விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சில நிமிடங்களில் ஐஎன்ஆர் சொல்லும் கையடக்கக் கருவி இருக்கிறது. பேச்சிப்பாறை மலைப்பக்கத்திலும் தூத்தூர் கடற்கரையிலும் உள்ள ஆரம்ப சுகாதார நிலையங்களில் அதை வைத்து, அங்குள்ள செவிலியருக்கு அளவை மருத்துவரிடம் போனில் சொல்லும் ஏற்பாட்டைச் செய்துகொடுத்தால், குலசேகரத்து அம்மா தக்கலையில் இறங்கி நிற்க வேண்டியிருக்காது. கேட்க வேண்டிய இடங்களில் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.