தொல்லியல் துறை தொடங்குகிறீர்களா? முதலில் ஒரு பயிற்சிக் குழி கட்டுங்கள்

கீழடிக்குப் பிறகு தொல்லியல் படிக்க வரும் பிள்ளைகள் கூடியிருக்கிறார்கள். புதிதாகப் படிப்பு தொடங்க நினைக்கும் நிறுவனங்களும் பல. பாடத்திட்டம் எழுதுவதில் பெரிய சிரமம் இல்லை. பழைய கற்காலத்திலிருந்து பிற்காலப் பாண்டியர் வரை தாள் தாளாகப் பிரித்துவிடலாம். கடைசியில் 'களப்பயிற்சி' என்று ஒரு தாள் நிற்கும். அது எங்கே, எந்த மாதத்தில், எந்த மண்ணில் என்று கேட்டால்தான் பதில் வராது. துறையை அந்தத் தாளிலிருந்து கட்டத் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

உண்மையான அகழாய்வு மாணவரின் கால அட்டவணைக்கு வளைந்து கொடுக்காது. பல்கலைக்கழகம் தோண்ட வேண்டுமானால் இந்தியத் தொல்லியல் துறையின் உரிமம் வேண்டும். அதுவும் ஒரு களப்பருவத்துக்குத்தான் கிடைக்கும். களப்பருவம் அக்டோபரில் தொடங்குகிறது. தமிழ்நாட்டில் அப்போதுதான் வடகிழக்குப் பருவமழையும் தொடங்கும். தை பிறந்து மண் காய்ந்து குழி போட்டால், வேலை சூடுபிடிக்கும் ஏப்ரலில் பருவத் தேர்வு வந்து நிற்கும்.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. தோண்டிய மண்ணடுக்கு திரும்ப வராது. 1944-இல் இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநராக இருந்த மார்ட்டிமர் வீலர் தட்சசீலத்தில் பயிற்சிப் பள்ளி நடத்தியபோது மாணவர்கள் நேரடியாக உண்மையான களத்திலேயே கற்றார்கள். பயிற்சி பெற்றவர்களே அரிதாக இருந்த காலம் அது. இன்று ஒரு மாணவர் முதன்முதலாகக் கரணை பிடிக்கும் இடம் இரண்டாயிரம் ஆண்டு பழைய தரையாக இருக்கத் தேவையில்லை. வளாகத்துக்குள்ளேயே நாமே அடுக்கடுக்காக மண் நிரப்பிய பயிற்சிக் குழியில் அவர் தவறட்டும்.

இடம் தேர்வதில் இரண்டு விஷயம் பாருங்கள். பக்கத்தில் வேம்பு, சீமைக் கருவேலம் எதுவும் இருக்கக் கூடாது. இரண்டே ஆண்டில் வேர் உள்ளே வந்து அடுக்குகளைக் கிழித்துவிடும். மழைநீர் தேங்கும் தாழ்வான இடமும் ஆகாது. உள்ளளவு 5×5 மீட்டர், உயரம் 1.2 மீட்டர். பாதி தரைக்குக் கீழே, பாதி மேலே வருமாறு செங்கல் சுவர் எழுப்பினால் நீர் வடியும். நான்கு பக்கமும் அரை மீட்டர் மண்ணை விட்டுவிட்டு நடுவில் 4×4 மட்டுமே தோண்ட வேண்டும். இந்த ஓரம் இல்லையென்றால் மாணவர் பார்க்கும் வெட்டுமுகம், அதாவது அடுக்குகள் தெரிய வேண்டிய குழியின் பக்கச் சுவர், செங்கல் சுவராகத்தான் இருக்கும்.

மண் எவ்வளவு வேண்டும்? 30 கன மீட்டர், ஏறக்குறைய 1,060 கன அடி. லாரிக் கணக்கில் 10.6 யூனிட். அடித்து இறுக்கும்போது அமுங்குவதற்குக் கால் பங்கு கூட்டி 13 யூனிட் சொல்லுங்கள். ஒரே இடத்து மண்ணாக வாங்கினால் எல்லா அடுக்கும் ஒரே நிறத்தில் இருக்கும், பிரித்தறிய முடியாது. கரிசலைத் தனியாகப் போடாதீர்கள். காய்ந்தால் வெடித்து வெட்டுமுகம் பாளம் பாளமாகச் சரியும். மணல் கலந்தே போட வேண்டும்.

கீழிருந்து மேலாக: வடிகாலுக்கு ஜல்லி 10 செ.மீ. அதன் மேல் சுக்காங்கல் கலந்த செம்மண் 20 செ.மீ. இதுதான் மனிதர் காலடி படாத இயற்கை மண்ணாக நடிக்கப் போகிறது. பிறகு மணல் கலந்த களிமண் 25, அதன் மேல் சுண்ணாம்பு கலந்து அடித்த தரை 5, சாம்பலும் கரித்துண்டும் கலந்த மண் 25, வெளிர்நிற வண்டல் 25, மேல்மண் 10. ஒவ்வோர் அடுக்கையும் லேசாக நீர் தெளித்து அடித்து, ஓரிரு நாள் விட்டு அடுத்ததைப் போட வேண்டும். முழுக் குழியும் ஒரு மழைக்காலம் கிடந்து அமர்ந்தால்தான் மண் இயல்பாகும். அவசரப்பட்டுப் போட்ட மாதமே தோண்டினால் எல்லாம் பொலபொலவென்று ஒரே மாதிரி வரும்.

உள்ளே என்ன வைப்பது என்பதில்தான் கற்பித்தலின் உயிர் இருக்கிறது. தரையில் 12 முதல் 15 செ.மீ. விட்டத்தில் நான்கைந்து கம்பக்குழிகள், 25 செ.மீ. ஆழம், கருப்பு மண் நிரப்பி. மரக்கட்டையை நிஜமாக நட்டுவிடாதீர்கள், கறையான் ஏறும். சாம்பல் மண் அடுக்கின் மேலிருந்து 80 செ.மீ. விட்டமும் 50 செ.மீ. ஆழமும் உள்ள ஒரு குப்பைக்குழி, தரையையும் வெட்டிக்கொண்டு இறங்கட்டும். அடுக்கை முழுதாகப் போட்டு இறுக்கிய பிறகே அதை வெட்ட வேண்டும். நிரப்பும்போதே வடிவம் பிடித்தால் வெட்டிய விளிம்பு பிறக்காது, மாணவருக்குத் தேட எதுவும் இருக்காது. குழியின் பாதி ஓர மண்ணுக்குள் போகும்படி வையுங்கள். அப்போதுதான் அது வெட்டுமுகத்திலும் தெரியும்.

ஒரு மூலையில் உறைகிணறு. குயவரிடம் 60 செ.மீ. விட்டத்தில் இரண்டு சுடுமண் உறை சொன்னால் போதும். உறையை இறக்க வெட்டும் குழி 90 செ.மீ. இருக்கும். உறைக்கும் குழிச் சுவருக்கும் நடுவே விழும் மண் கிணறு கட்டிய காலத்தைச் சொல்லும். உறைக்குள்ளே இருக்கும் மண் கிணறு கைவிடப்பட்ட பிந்தைய காலத்தைச் சொல்லும். இரண்டையும் ஒரே பையில் போடுவது புதியவர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் பிழை. அதைப் பயிற்சிக் குழியிலேயே பிடித்துத் திருத்திவிட வேண்டும்.

காலக்கணிப்பு கற்பிக்க, 2011-இல் புழக்கத்திலிருந்து விலக்கிய சில்லறைகளைப் பயன்படுத்துங்கள். சாம்பல் மண்ணில் 1990-களின் 25 பைசா ஒன்று, அதற்கு மேலே உள்ள வண்டலில் 1970-களின் 5 பைசா ஒன்று. மேலடுக்கின் காசு பழையது என்பதால் அந்த அடுக்கும் 1970-களுடையது என்று எழுதுகிறவர்கள் இருப்பார்கள். கீழே 90-களின் காசு கிடக்கும்போது மேலடுக்கு அதற்கு முந்தியதாக இருக்க வழியில்லை. காசு தருவது 'இதற்கு முன் அல்ல' என்ற எல்லையை மட்டும்தான். இன்னொன்று, மேல்மண்ணிலிருந்து சாம்பல் மண் வரை சாய்வாக 6 செ.மீ. எலி வளை ஒன்று செய்து, மேல்மண்ணை நிரப்பி, அடியில் புத்தம் புது ஒரு ரூபாய் வையுங்கள். வளையைக் காணாமல் காசை மட்டும் கண்டவர் முழு அடுக்கின் காலத்தையும் புரட்டிப் போடுவார்.

பானைகள் 20 போதும். குயவரிடம் வாங்கி, ஒவ்வொன்றின் அடியிலும் ஆண்டைப் பொறித்து, எடை எழுதி, உடைத்து, அடுக்குகளில் பரப்புங்கள். கிடைத்த ஓடுகளின் எடையை முதல் எடையோடு ஒப்பிட்டால் ஒவ்வொரு குழுவும் எவ்வளவு தவறவிட்டது என்று கிராம் கணக்கில் தெரியும். 3 மி.மீ. கண்ணாடி மணிகள் 100 எண்ணிக் கலந்து வையுங்கள். 5 மி.மீ. கண் சல்லடையில் அவை நழுவிப் போகும், 2 மி.மீ. சல்லடையில் நிற்கும். பிறகு சல்லடைக்காரரை யாரும் கீழாகப் பார்க்க மாட்டார்கள். உண்மையான தொல்பொருள் ஒன்றுகூட உள்ளே போகக் கூடாது. நகல்களில் ஆண்டு பொறிப்பது நாளை யாரும் ஏமாறாமல் இருப்பதற்கும்தான்.

எதை எங்கே வைத்தோம் என்ற அளவுகளும் வரைபடங்களும் ஒட்டி மூடிய ஒரு காகித உறையில் இருக்கட்டும். மாணவர் அறிக்கை தந்த பிறகே அதைப் பிரிக்க வேண்டும்.

கூரை அவசியம். மூன்று மீட்டர் உயரத்தில், குழியைத் தாண்டி ஒன்றரை மீட்டர் நீண்டிருக்கட்டும். நீலத் தார்ப்பாய் வேண்டாம். அதன் கீழ் மன்செல் அட்டையில் (நிறங்களை எண்ணிட்டு அச்சிட்ட ஒப்பீட்டு அட்டை) மண் நிறம் பார்த்தால் எல்லாமே பிழையாக வரும். நிறத்தை நனைந்த மண்ணில், திறந்த வெளிச்சத்தில் பார்க்கப் பழக்க வேண்டும்.

ஒரு குழுவுக்கு ஆறு பேர். இருவர் தோண்ட, ஒருவர் சலிக்க, ஒருவர் அளக்க, ஒருவர் வரைய, ஒருவர் பதிவேடு எழுத. தினமும் பொறுப்பு மாற வேண்டும். இல்லையேல் கையெழுத்து அழகாக உள்ளவர் பருவம் முழுதும் பதிவேட்டோடு உட்கார்ந்துவிடுவார். 4×4-ஐ நான்கு கால்பகுதிகளாகப் பிரித்து, ஓர் ஆண்டில் எதிரெதிர் மூலையில் உள்ள இரண்டை மட்டும் தோண்டுங்கள். மீள நிரப்பும் வேலை பாதியாகும். எடுத்த மண் அடுக்கு வாரியாகத் தனித்தனித் தார்ப்பாயில், குழி விளிம்பிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளிக் கிடக்க வேண்டும். கலந்துவிட்டால் அடுத்த ஆண்டு நிரப்புவதற்கு ஒரே நிறச் சேறுதான் மிஞ்சும்.

அளவு வேலையை டோட்டல் ஸ்டேஷன் என்னும் மின்னணு அளவைக் கருவியில் தொடங்காதீர்கள். நாடா, தூக்குக் குண்டு, ரசமட்டம், உயர வேறுபாடு அளக்கும் ஆட்டோ லெவல், இந்த வரிசையில் வரட்டும். 5 மீட்டர் சதுரத்தின் மூலைவிட்டம் 7.07 மீட்டர். இரண்டு மூலைவிட்டமும் ஒத்துவந்த பிறகே முளை அடிக்கக் கற்றவருக்குத்தான் கருவி தவறான எண் காட்டும்போது சந்தேகம் வரும். ஆழத்தை ஒவ்வொரு முளையின் தலையிலிருந்தும் தனித்தனியாக அளந்தால், யாரோ முளையில் கால் இடறிய நாளிலிருந்து எல்லா ஆழமும் பிழை. அசையாத ஒரே மட்டப்புள்ளியை அருகே கான்கிரீட்டில் பதித்துவிடுங்கள். 4 மீட்டர் வெட்டுமுகம் 1:20 அளவில் 20 செ.மீ. ஆகும், ஏ4 வரைபடத் தாளில் அடங்கும். அடுக்குகளுக்கிடையே உள்ள உறவை எது முந்தியது, எது பிந்தியது என்று கட்டங்களும் கோடுகளுமாகக் காட்ட எட்வர்டு ஹாரிஸ் 1973-இல் வகுத்த அணி முறையில் அன்றன்றே வரைய வேண்டும். இறுதியில் நினைவிலிருந்து வரைந்தது பயன்படாது.

தோண்டும் ஒரு நாளுக்கு ஆய்வகத்தில் மூன்று நாள் ஒதுக்காத துறை மூட்டைகளைத்தான் சேர்க்கும். கிடைத்த ஓடுகளைப் பரப்பிப் பிரிக்க, குழியின் கட்டங்களையே தரையில் வரைந்த மட்கல முற்றம் ஒன்று வேண்டும். ஓடுகளை மென்மையான தூரிகையால் கழுவி நிழலில் உலர்த்த வேண்டும். உள்ளே உணவுக் கறை படிந்தவற்றைக் கழுவவே கூடாது. எண் எழுதும் இடத்தில் அசிட்டோனில் கரைத்த பாரலாய்டு பி-72 என்னும் நிறமற்ற பிசின் ஒரு பூச்சு, இந்தியன் மை, மேலே மறுபடி ஒரு பூச்சு. பைக்குள் போடும் காகிதச் சீட்டை இராமபாணப் பூச்சி தின்னும், ஜெல் பேனா மை ஈரத்தில் கரையும். பென்சிலில் எழுதிய சீட்டை அதற்கென்று ஒரு சிறு பிளாஸ்டிக் உறையில் போட்டு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. காலக்கணிப்புக்கு அனுப்பும் கரித்துண்டை விரலால் தொடாமல் அலுமினியத் தாளில் எடுக்கப் பழக்குங்கள். பழனி அருகே பொருந்தலில் நடந்த அகழாய்வில் நான்கு கால் சாடியில் கிடைத்த நெல்தான் கி.மு. 490 என்ற காலத்தைத் தந்தது. அப்படி ஒரு மாதிரி மாணவர் கைக்கும் ஒருநாள் வரும்.

மதிப்பெண்ணில் கண்டெடுத்த பொருளுக்குப் பூஜ்யம் வையுங்கள். பதிவேட்டுக்கு 40, வெட்டுமுக வரைபடத்துக்கு 25, மட்கல வகைப்பாட்டுக்கு 20, அறிக்கைக்கு 15 என்பது என் பரிந்துரை. பொருளுக்கு மதிப்பெண் உண்டென்றால் பிள்ளைகள் அடுக்கை விட்டுவிட்டுப் பொருளைத் துரத்துவார்கள்.

முதல் பருவத்தில் நில அளவை, வரைதல், மட்கலம், தமிழி எழுத்து. இரண்டாம் பருவத்தில் பயிற்சிக் குழி. அதன் பிறகு வரும் விடுமுறையில், அரசுத் துறையோ வேறு பல்கலைக்கழகமோ நடத்தும் அகழாய்வில் சேர்த்துவிடலாம். அங்கே போனதும் முதல் வாரம் கரணையைக் கேட்க வேண்டாம். சல்லடையிலும், ஏற்கெனவே தோண்டிய குழியின் வெட்டுமுகத்தைச் சீவி வரைவதிலும் நிற்கட்டும். அந்த வரைபடத்தைக் களப் பொறுப்பாளரின் வரைபடத்தோடு வைத்துப் பார்த்து, அடுக்குகளின் எண்ணிக்கை ஒத்துவந்த பிறகு குழிக்குள் இறக்கலாம்.